ரிபன் வெட்டிய ஊரில் படம் தெளியும்

திறப்புவிழா மனிதர் என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் அவரைக் கண்டிருப்பீர்கள். காணாமல் தப்பியிருக்க முடியாது. நீங்கள் வந்து பார்க்கும்வரை அவர் கத்தரிக்கோலைக் கீழே வைக்கமாட்டார். ஒரு காரியத்தைத் தொடங்கிவைப்பதில் அவருக்கு வரும் ஆனந்தம், அந்தக் காரியம் மறுநாள் காலையில் நடக்கிறதா என்று எட்டிப் பார்ப்பதில் வராது. மறுநாள் காலையில் அவர் அடுத்த ஊரில் பந்தல் போட இடம் பார்த்துக்கொண்டிருப்பார். குடும்பம் நடத்தத் தேவையில்லை, தாலி மட்டும் கட்டினால் போதும் என்று சட்டம் இருந்திருந்தால், மனிதர் கிழமைக்கொரு மாப்பிள்ளைக் கோலத்தில் திரிந்திருப்பார்.

இந்த இனத்தின் உச்சப் பிறவி எங்கள் வேலணையில் வாழ்ந்தது. பெயர் ஐயாத்துரை. தெற்கே ஒரு பட்டணத்தில் நெடுங்காலம் பலசரக்குக் கடை வைத்திருந்தவர், 2002இல் சண்டை ஓய்ந்து பாதை திறந்ததும் லொறி நிறையச் சாமானோடு ஊருக்கு வந்து இறங்கினார். இறங்கிய கையோடு வளவுக்குள் ஒரு பிரமாண்டமான டிஷ் அன்ரனாவை நிமிர்த்தினார். நல்ல தண்ணீருக்கு ஆலாய்ப் பறக்கும் எங்கள் சனம், அது மழைத்தண்ணீர் ஏந்த வைத்த தாச்சி என்று நம்பிக் குடங்களோடு போய் வரிசையில் நின்றது. ஐயாத்துரை அண்ணை அந்த வரிசையைக் கண்டார். கண்கலங்கினார். இவ்வளவு வாடிக்கையாளர்களா!

அப்படிப் பிறந்ததுதான் 'ஏழுதீவு கேபிள் ரெலிவிஷன் மற்றும் இன்ரநெற் கொம்பனி'. பெயர்ப்பலகையில் எல்லா எழுத்தையும்விட இன்ரநெற் என்ற எழுத்து பெரிது. கொம்பனியில் இருந்ததோ ஒரேயொரு கொம்பியூட்டர். அதற்குப் பட்டுத்துணி போர்த்தி, மேலே பிளாஸ்ரிக் பூச்சாடி வைத்திருந்தார்கள். “அண்ணை, இன்ரநெற் எப்ப வரும்?” என்று யாராவது கேட்டால், “கொழும்பால வெளிக்கிட்டுட்டுது” என்பார். பஸ்ஸில் வரும் மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்வது போல அவ்வளவு நிச்சயமாகச் சொல்வார்.

பிறகு கொம்பனி வளர்ந்தது பாருங்கள், அது வளர்ச்சி! அல்லைப்பிட்டியில் கிளை, மண்டைதீவில் கிளை, புங்குடுதீவில் கிளை, ஊர்காவற்றுறையில் கிளை; நயினாதீவுக்கு மோட்டர் படகில் கிளை போனது, கூடப்போன தொழில்நுட்பப் பணிப்பாளர் சிவகரன் வழிநெடுக வாந்தி எடுத்தார்; நெடுந்தீவில் ஒரு மட்டக்குதிரை கேபிள் கம்பியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தீவைச் சுற்றி ஓட, “எங்கட சேவை நாலா பக்கமும் விரியுது” என்று ஐயாத்துரை அண்ணை அதற்கும் கைதட்டினார். சிவகரன் மூன்று பிள்ளைகளின் தகப்பன், பனையில் ஏறிக் கம்பி கட்டுபவர். அந்தக் கொம்பனியில் பணிப்பாளர் அல்லாதவர் என்று எவரும் இருக்கவில்லை.

திறப்புவிழா எப்படி நடக்கும் என்று கேட்கிறீர்களா? நான் ஒன்றையும் தவறவிட்டதில்லை. வடை நல்லது. கத்தரிக்கோல் அவருடைய சொந்தக் கத்தரிக்கோல். வெல்வெற் உறையில் கூடவே வரும். பொன்னாடையும் சொந்தப் பொன்னாடைதான். அதைப் போர்த்துகிறவர் மட்டும் ஊருக்கு ஊர் மாறுவார். குத்துவிளக்கை ஏற்றுவார், தீவுக் காற்று அணைக்கும், ஏற்றுவார், அணைக்கும், கடைசியில் ஏற்றிய மாதிரிக் கையைப் பிடிக்கப் படம் எடுப்பார்கள். பிறகு பேச்சு. தலைமை உரையும் அவர், பிரதம விருந்தினர் உரையும் அவர், நன்றியுரையும் அவர். அந்த உரை ஒவ்வொரு முறையும் “இது முடிவல்ல, தொடக்கம்!” என்று முடியும். அவர் வாழ்நாளில் பேசியவற்றில் அதைப்போல உண்மை வேறில்லை.

ரிபன் வெட்டியதும் ரி.வி.யில் படம் வரும். கண்ணாடி போல, கதாநாயகியின் மூக்குத்திக் கல்லை எண்ணலாம் போலத் தெளிவாக வரும். சில நாளைக்கு. பிறகு படத்தில் புள்ளி புள்ளியாக இலையான் மொய்க்கத் தொடங்கும். வரவர முகம் எது, முதுகு எது என்று தெரியாது. முறைப்பாடு போனால், காற்று என்பார் ஐயாத்துரை அண்ணை. சோளகம் வீசினால் சோளகம். வாடை வீசினால் வாடை. காற்றே இல்லாத நாளில், காற்று இல்லாததுதான் காரணம் என்பார். காற்றைப் பற்றி அவர் மீன்பிடிக்கிற சனத்துக்கே வகுப்பெடுத்தார் என்றால் அந்தத் துணிச்சலை நீங்களே யோசித்துப் பாருங்கள்.

இனிக் கத்தரீனாவுக்கு வருவோம். மண்டைதீவில் கடல்தொழில் செய்யும் ஜோர்ஜின் மனைவி. மீன் விற்பவள். அவர்களுடைய மகள் யூலியானா தொண்ணூற்றாறில் பாரிசுக்குப் போனவள், போனவள்தான். அங்கேயே கலியாணம் நடந்தது. தாய் பார்த்ததெல்லாம் புகைப்படம், கேட்டதெல்லாம் ரெலிபோனில், “சாப்பிட்டியளோ அம்மா?” என்று தொடங்கி, பதில் சொல்ல முன் ரெலிபோன் காட் முடிந்துபோகும் குரல். அந்த யூலியானா 2003 மார்கழியில் ஒரு செய்தி சொன்னாள். பாரிசிலிருந்து வரும் ஒரு தமிழ்ச் சனலில், நத்தார்ப் பண்டிகைக்கு முந்திய ஞாயிறு, எங்கள் நேரம் பின்னேரம் ஆறு மணிக்கு, நேரடி ஒளிபரப்பில் அவள் பாடப்போகிறாள்.

கத்தரீனாவுக்குக் கால் நிலத்தில் பாவவில்லை. ரி.வி.யைப் போட்டாள். ஒரே இலையான். ஜோர்ஜ் தனக்குத் தெரிந்த வழியைச் சொன்னார்.

“ரவுனிலை ஆரின்ரையும் வீட்டிலை போய்ப் பாப்பமே.”

“என்ரை பிள்ளையை நான் ஆரின்ரையோ விறாந்தையிலை நிண்டு பாக்கிறதோ? இந்த ரி.வி. அவள் அனுப்பின காசிலை வாங்கினது. அவள் இதுக்குள்ளைதான் வரவேணும்.”

பஸ் ஏறி வேலணைக்குப் போனாள். கொம்பனி ஒபிஸ் சுவரில் தீவுகளின் பெரிய வரைபடம். திறந்துவைத்த ஊருக்கெல்லாம் பச்சைப் பொட்டு. ஒருமுறை வைத்த பொட்டை அழிக்கும் வழக்கம் அங்கே இல்லை.

“ஐயாத்துரை அண்ணை, எங்கட பக்கம் படம் ஒண்டும் தெரியேல்லை.”

“மண்டைதீவோ? இருக்க ஏலாதே! இஞ்சை பாரும், பச்சைப் பொட்டு. பச்சையெண்டால் சேவை நடக்குது.”

“உங்கட சுவரிலை நடக்குது அண்ணை. என்ரை வீட்டிலை நடக்கேல்லை.”

“அது சோளகம், பிள்ளை.”

“வாடை தொடங்கி எவ்வளவு நாளாச்சு. இப்ப ஏது சோளகம்?”

“அப்ப வாடைதான்.”

“அண்ணை, வாற ஞாயிற்றுக்கிழமை என்ரை மகள் பாடுறாள். அண்டைக்கு மட்டும் பாத்துத் தாங்கோ. ஏழு வருசம் நான் பிள்ளையின்ரை முகம் பாக்கேல்லை.”

ஐயாத்துரை அண்ணைக்கு இரக்கம் வந்தது. இவரைப் போன்றவர்களுக்கு இரக்கம் நிறைய வரும்; நேரம்தான் வராது. “ஞாயிறு ஏலாது பிள்ளை. அண்டைக்குச் சரவணைக் கிராமத்திலை திறப்புவிழா. தலைமை நான், பிரதம விருந்தினரும் நான். நானில்லாமல் எப்பிடி?”

கத்தரீனா கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். வாசலில் சிவகரன் சரவணைக்குக் கொண்டுபோக மோட்டர்சைக்கிளில் ஒரு பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தார். டிஷ்சில் விழும் படத்தை இழுத்து வீட்டுக் கம்பிகளில் தள்ளிவிடும் பெட்டி அது. ஊருக்கு ஒன்று இருக்கவேண்டியது. அதன் கைப்பிடியில் ஓர் அந்தோனியார் பதக்கம் தொங்கியது. கத்தரீனா நின்றாள். அந்தப் பதக்கம் அவளுடையது! மண்டைதீவுத் திறப்புவிழாவன்று, பெட்டிக்குக் கண்ணூறு படாமல் இருக்கவென்று அவளே தன் கையால் கட்டியது. தொலைந்ததைக் கண்டுபிடித்துத் தருகிறவர் அந்தோனியார் அல்லவா?

விளங்கிவிட்டது. கொம்பனியில் பெட்டிகள் பல. ஒழுங்காக வேலை செய்யும் பெட்டி ஒன்று. அது ரிபனோடு ஊர் ஊராகப் போகிறது. மற்ற ஊர்களில் தகரம் இருக்கிறது. குட்டைப் போர்வைக்காரன் தலையை மூடினால் கால் தெரியும், காலை மூடினால் தலை தெரியும். அதைத்தான் இவர் வளர்ச்சி என்று சுவரில் பச்சைப் பொட்டாக ஒட்டி வைத்திருந்தார்.

வேறொருத்தி என்றால் அங்கேயே சன்னதம் ஆடியிருப்பாள். கத்தரீனா ஆடவில்லை. எந்த மீனுக்கு எந்த இரை என்று தெரிந்த குடும்பத்துப் பெண் அவள். திரும்ப உள்ளே போனாள்.

“அண்ணை, சரவணையிலை கேபிள்தானே திறக்கிறியள்? கேபிள் இப்ப எல்லா இடமும் வந்திட்டுது. இன்ரநெற்றை எங்கை திறக்கப்போறியள்?”

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“முதல் திறப்பை ஞாயிறு எங்கட வீட்டிலை வையுங்கோவன். வாசல்லை நிக்கிற கேபிள் பெட்டிக்கும் மாலை போட்டு, கரையோரமா வள்ளத்திலை கொண்டுவருவம். திருநாளுக்கு அந்தோனியார் சுரூபம் வாற மாதிரி. முன் வள்ளத்திலை நீங்கள் நிக்க, பின்னாலை ஊர் வள்ளமெல்லாம் வரும்.”

“நான் நிக்கிறதோ?”

“நிண்டு கை காட்டுறது.”

“பான்ட் வாத்தியம்?”

“ஓம், பான்ட்டும் வரும்.”

சரவணைத் திறப்புவிழா அடுத்த கிழமைக்குத் தள்ளப்பட்டது.

மண்டைதீவுக் கோயில் பாதரிடம் போய்ச் சொன்னபோது அவர் முகத்தைக் கடுகடுப்பாக்கி, பவனி சுரூபத்துக்கு மட்டும்தான் என்றார். “பவனியில்லை பாதர், வள்ளங்கள் தற்செயலா ஒரே நேரத்திலை வெளிக்கிடும்” என்றாள் கத்தரீனா. பாதர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை தற்செயலாக அவரும் கரைக்கு வந்து நின்றார்.

ஐயோ, அந்தப் பின்னேரத்தை நான் எப்படிச் சொல்வேன்! முன் வள்ளத்தில் மாலை போட்ட பெட்டி. அதன் அருகில் பொன்னாடையும் வேட்டியுமாக ஐயாத்துரை அண்ணை. அவர் விழாமல் இருக்க வேட்டியைப் பின்னால் இறுக்கிப் பிடித்தபடி குந்தியிருக்கும் சிவகரன், திரும்பவும் வாந்தி எடுக்கும் முகத்தோடு. இரண்டாம் வள்ளத்தில் பட்டுத்துணிக்குள் கொம்பியூட்டர். அதற்குப் பின்னால் கொடி கட்டிய வள்ளங்கள், பான்ட், வெடி, பேரிரைச்சல். கரையில் காவல் நின்ற கடற்படைச் சிப்பாய், வருவது யாரோ மந்திரி என்று நினைத்து விறைத்து நின்று சலூட் அடித்தான். ஐயாத்துரை அண்ணை அவனுக்குக் கை காட்டினார். அந்த நிமிடம் அவருக்கு உயிர் போயிருந்தாலும் சிரித்துக்கொண்டே போயிருக்கும்.

கத்தரீனா வீட்டு முற்றத்தில் கொம்பியூட்டரை வைத்து அதை இயக்கினார்கள். திரையில் ஒரு பச்சைக் குன்றும் நீல வானமும் வந்தன. சனம் ஆவென்று பார்த்தது. “இதுதான் இன்ரநெற்” என்றார் ஐயாத்துரை அண்ணை. “நல்ல குளிர் இடமாக்கும்” என்றார் ஜோர்ஜ்.

அடுத்தது ரி.வி.; அதையும் முற்றத்துக்குத் தூக்கிவந்திருந்தார்கள். சிவகரன் பெட்டியை மண்டைதீவுக் கிளையின் டிஷ்சில் பூட்டி எல்லாம் ஆயத்தமாக்கிவிட்டார். ஆனால் ரி.வி.யைச் சுற்றி ரிபன், ரிபனுக்கு முன்னால் ஐயாத்துரை அண்ணை, அவர் கையில் கத்தரிக்கோல், வாயில் பேச்சு. மணி ஆறாகப் போகிறது. அவர் இன்னும் தெற்கில் கடை வைத்த காலத்தைவிட்டு வெளியே வரவில்லை. ஆறு அடித்தது. அவர் இப்போதுதான் லொறியில் ஏறுகிறார். கத்தரீனா மணிக்கூட்டையும் ரிபனையும் மாறிமாறிப் பார்த்தாள். அங்கே பிள்ளை பாடத் தொடங்கிவிட்டாளோ? இவ்வளவு வள்ளமும் வெடியும் இந்த வாயை அடைக்க முடியாமல் வீணாகப் போவதா?

திடீரென்று அவள் கைதட்டினாள்.

ஜோர்ஜ் அவளைப் பார்த்தார், விளங்கிக்கொண்டு அவரும் தட்டினார். பாதர் தட்டினார். முற்றம் முழுவதும் தட்டியது. ஐயாத்துரை அண்ணை வாயைத் திறப்பார், கைதட்டல் கூடும். திறப்பார், கூடும். அப்படியொரு கைதட்டலை அவர் வாழ்க்கையில் கேட்டதில்லை. ஆனந்தத்தில் மிச்சப் பேச்சு மறந்துபோக, “இது முடிவல்ல, தொடக்கம்!” என்று கூவி ரிபனை வெட்டினார்.

படம் வந்தது. கண்ணாடி போல வந்தது. வந்த படத்துக்கு நேர் முன்னால், புகைப்படக்காரருக்குச் சிரித்தபடி, ஐயாத்துரை அண்ணை நின்றார்.

“அண்ணை, விலத்துங்கோ!” கத்தரீனா அவரைத் தோளில் பிடித்து ஒரு பக்கம் தள்ளினாள்.

திரையில் பாடகர் வரிசையில் யூலியானா நின்றாள். ஊதாச் சேலை. மூன்றாவதாக அவளைக் கூப்பிட்டார்கள். மண்டைதீவுக் கோயிலில் நத்தார் இரவுகளில் அவள் பாடிய அதே பாட்டு. குரல் கொஞ்சம் தடித்திருந்தது. கத்தரீனா கிட்டப்போய்த் திரையில் மகளின் கன்னத்தில் உள்ளங்கையை வைத்தாள். “மெலிஞ்சு போனாள், பாவி” என்றாள். பாட்டு முடியும்வரை கையை எடுக்கவில்லை. ஆகவே நாங்கள் யூலியானாவைப் பாதிதான் பார்த்தோம். அதைச் சொல்ல எவருக்கும் மனம் வரவில்லை. எனக்கும் கண் கலங்கியது. மறைக்க என்ன இருக்கிறது?

பெட்டி செவ்வாய்க்கிழமை சரவணைக்குப் போனது, பதக்கத்தோடு. கத்தரீனா அதைக் கழற்றவில்லை. ஆனால் விஷயம் தீவெல்லாம் பரவியது. கிரிக்கெற் இறுதியாட்டம் பார்க்க வேண்டுமா? கொம்பனிக்கு ஒரு மறுதிறப்பு விழா வை. கலியாண வீட்டில் படம் ஓட வேண்டுமா? கிளை விரிவாக்க விழா வை. ஐயாத்துரை அண்ணை கிழமைக்கு இரண்டு ரிபன் வெட்டினார். ஒரே ஊருக்கு நாலு பச்சைப் பொட்டு விழுந்தது. தன்னை அறியாமலே, அழைத்த இடத்துக்குச் சேவை கொண்டுபோகும் கொம்பனியை நடத்திவிட்டார், பாவம். 2006இல் திரும்பவும் சண்டை மூண்டு, பாதை பூட்டுப்பட்டு, பெற்றோலும் இல்லாமல் போக, எல்லாம் நின்றது. நின்றதே தவிர, கொம்பனியை அவர் மூடவில்லை. மூடுவதற்கு என்ன சடங்கு என்று அவருக்குத் தெரியாது. பலகை இன்னமும் தொங்குகிறது.

சிரித்தீர்கள். நல்லது. பாதியில் நிற்கும் அந்த மேல்மாடிக்கு அத்திவாரக் கல் வைத்தது யார் என்று நான் கேட்கவில்லை. மகளுக்கு வாங்கிக் கொடுத்துப் படமும் எடுத்த வயலின் எந்த அலுமாரிக்கு மேலே கிடக்கிறது என்றும் கேட்கவில்லை. ஒன்றே ஒன்று சொல்கிறேன். என்றாவது ஒருநாள் உங்கள் வீட்டில் நீங்கள் உங்கள் அடுத்த திட்டத்தை விளக்கிக்கொண்டிருக்கும்போது, மனைவியும் பிள்ளைகளும் காரணமில்லாமல் பலமாகக் கைதட்டத் தொடங்கினால், பொன்னாடையைச் சரிசெய்யாதீர்கள். மெதுவாகத் திரும்பிப் பாருங்கள். அவர்கள் ஏழு வருடமாகப் பார்க்கக் காத்திருந்த ஏதோ ஒன்றை நீங்கள் மறைத்துக்கொண்டு நிற்கிறீர்கள்.