ஜன்னலில் வைத்த பேனா

அன்புள்ள பெரிய மாப்பிள்ளைக்கு, மாமனார் எழுதுவது. இங்கே நாங்கள் நலம், என் ரத்தக்கொதிப்பு மட்டும் நலமில்லை. காரணம் கீழே.

சின்னவளின் தையல்கடை வெள்ளிக்கிழமை திறக்க வேண்டும். உரிமம் வாங்க நேற்று நகர அலுவலகம் போனேன். ஒருகாலத்தில் நானே ஆறு மாதம் தலைமை எழுத்தராக இருந்த இடம், கை சுத்தமாக இருந்தேன், ஊருக்கே தெரியும். ஜன்னலில் இருந்த அம்மா மனுவை வாங்கிக்கொண்டு, "புதுப் பேனா ஒண்ணு வைங்க சார்" என்றார். எதுக்கும்மா, உங்க முன்னாடி கம்ப்யூட்டர்தானே இருக்கு என்றால், "எல்லாரும் வைக்கிறாங்க சார்." என் சட்டைப்பையில் இருந்ததை நீட்டினேன். பழசு ஆகாதாம். எதிர்க்கடைக்கு ஓடினால் கடைக்காரர், "எழுதற பேனாவா, மனுப் பேனாவா? மனுப் பேனான்னா மை இருக்காது, விலை கம்மி" என்கிறார். எனக்கு வந்ததே கோபம். திரும்பிப் போய் விதியைக் காட்டச் சொன்னேன். "விதி இல்லாம வாங்குவோமா சார்?" என்று அந்த அம்மா பீரோவைத் திறந்தார். இருபது வருஷப் பேனாவும் சரிந்து கொட்ட, பாவம், அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். உத்தரவு அடியில் கிடக்கிறதாம், நாளைக்கு வா என்கிறார்கள். சின்னவள் ராத்திரி சாப்பிடவில்லை.

வக்கீலான நீங்கள்தானே சொன்னீர்கள், நாற்காலியில் இருப்பவன் தனக்குச் சேராததைச் சேரவேண்டியதுபோலக் கேட்டு வாங்கினால் அது அடாவடி வசூல், லஞ்சத்தைவிட மோசம், கொடுப்பவனுக்கு வேறு வழியே கிடையாது என்று? பாலம் இடிந்த பிறகும் ஆற்றில் நீந்தி வந்தவனிடம் சுங்கம் வாங்கிய ராஜா கதையும் சொன்னீர்களே, அதேதான் இது. முதல் கையெழுத்துப் போட்டவன் எவனோ, அவன் ஓய்வு பெற்றிருந்தாலும் விடக்கூடாது. பென்ஷனை நிறுத்தும்படி வழக்குப் போடுங்கள்.

பெரியவளுக்கும் பேத்திக்கும் என் ஆசிகள். எல்லோரும் நீதி நியாயத்தோடு நூறாண்டு வாழ வேண்டும்.

இப்படிக்கு,
மாமா

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் அலுவலகம் போய்வந்தேன். உத்தரவு கிடைத்துவிட்டது: 'பேனாத் தட்டுப்பாடு காரணமாக, ஒரு வாரத்துக்கு மட்டும்.' கையெழுத்து என்னுடையது. சத்தியமாக மறந்தே போனேன் மாப்பிள்ளை. வழக்கு வேண்டாம். அதிகாரி சிரித்துக்கொண்டே, "போட்டவரே எடுத்துடுங்க, நான் பக்கத்துல கையெழுத்துப் போடறேன்" என்றார். அந்த அம்மாவுக்கு என்னைவிடச் சந்தோஷம், "கேக்கறப்பல்லாம் கூசும் சார்" என்றார். உரிமம் கையில் இருக்கிறது, வெள்ளிக்கிழமை அவசியம் வாருங்கள். 'ரத்து' என்று எழுத பீரோவிலிருந்து நாற்பது பேனா எடுத்துப் பார்த்தோம், ஒன்றும் எழுதவில்லை. கடைசியில் ஆகாது என்று தள்ளிய என் பழைய பேனாதான் எழுதியது.