உஸ்மானின் வெள்ளை அணுக்கள்

"நீங்க சைவமா?" என்று டாக்டர் பிரிட்டோ கேட்டதும் உஸ்மானுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. பக்கத்தில் மனைவி ஷபீனா உட்கார்ந்திருப்பது அடுத்த நொடியே ஞாபகம் வர, வந்த சிரிப்பு வந்த வழியே போய்விட்டது.

"என்ன டாக்டர், இப்படிக் கேட்டுட்டீங்க?"

"பின்ன என்ன சார்? வெள்ளை அணு குறைச்சல்னு உங்க கம்பெனி செக்கப்ல கண்டுபிடிச்சு அனுப்பினாங்க. நான் பி ட்வெல்வ் எவ்வளவு இருக்குன்னு பார்த்தேன். தரையில கிடக்கு. அந்த வைட்டமின் இல்லேன்னா எலும்புக்குள்ள வெள்ளை அணு ஒழுங்கா உற்பத்தி ஆகாது. ஈரல், கறி, மீன்ல அது நிறைய இருக்கு. பால், தயிர்ல கொஞ்சம்தான். இந்த அளவுக்குக் குறையறது பெரும்பாலும் சைவக்காரங்களுக்குத்தான்."

"இவருக்கு மதியத்துக்குத் தினமும் நான் கறிதான் டாக்டர் கட்டித் தரேன்" என்றாள் ஷபீனா. சொன்ன வேகத்தில் அவளுக்கு மூச்சு வாங்கியது.

டாக்டர் உஸ்மானைப் பார்த்தார். "சாப்பிடுறீங்களா சார்?"

"ஒரு துண்டு மிச்சம் வைக்கிறதில்ல."

"டப்பா கழுவி வெச்ச மாதிரி வரும் டாக்டர்" என்று ஷபீனா சாட்சி சொன்னாள். அது உண்மைதான். டப்பாவை வழித்து நக்காத குறையாகக் காலி செய்தவர் உஸ்மான் இல்லை என்பதுதான் விஷயம்.

டாக்டர் பழைய ரிப்போர்ட்டுகளைப் புரட்டினார். கொலஸ்ட்ரால் மட்டும் அருமையாக இருக்கிறது என்று பாராட்டிவிட்டு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் செலவு என்று தாம்பரத்துக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும்.

"சாப்பாட்டுல குறைன்னா ஊசி போட்டு அனுப்பிடுவேன். சாப்பிட்டும் குறையுதுன்னா இரைப்பை அதை எடுத்துக்கலைன்னு அர்த்தம். உள்ள கேமரா விட்டுப் பார்த்துடுவோம்."

"எதுக்கும் அந்த ஊசியையே போட்டுடுங்களேன் டாக்டர்" என்றார் உஸ்மான்.

"போட்டா அணு ஏறிடும், காரணம் ஒளிஞ்சுக்கும். முதல்ல காரணத்தைப் பிடிப்போம்."

காரணம் அவருக்கு எதிர் நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தது. 

உஸ்மானுக்கு மறைமலை நகரில் கார் உதிரி பாகம் செய்யும் கம்பெனியில் தரக் கட்டுப்பாட்டு சூப்பர்வைசர் வேலை. வீடு இரும்புலியூரில். ஷபீனாவின் அத்தா அந்தக் காலத்தில் பல்லாவரம் பக்கம் பெயர் பெற்ற கல்யாண பிரியாணி மாஸ்டர். மாப்பிள்ளை வீட்டில் தேதி குறிப்பதற்கு முன்னால் அவருக்கு ஆள் அனுப்பிக் கேட்பார்கள். அந்தக் கை அப்படியே ஷபீனாவுக்கு வந்திருந்தது. அவள் செய்யும் கைமாவுக்காகவே உஸ்மானின் தம்பிகள் பொழிச்சலூரிலிருந்து காரணம் கண்டுபிடித்துக்கொண்டு வருவார்கள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அத்தா மௌத்தானார். அதிலிருந்து ஷபீனா கட்டித் தரும் கறியில் ஏதோ ஒன்று காணாமல் போனது. மசாலா அதேதான், மணம் அதேதான். வாயில் வைத்தால் மட்டும் சவசவவென்று ரப்பரைக் கடிப்பதுபோல் இருந்தது. துக்கத்தில் கைப்பக்குவம் போய்விட்டது என்று உஸ்மான் முடிவு செய்தார். அத்தாவிடமிருந்து அவளுக்கு மிஞ்சியிருந்தது அந்தக் கை ஒன்றுதான். "உன் சமையல் கெட்டுப்போச்சு" என்று அவளிடம் சொல்வதைவிட நாக்கை அறுத்துக்கொள்ளலாம் என்று அவருக்கு இருந்தது.

அப்போதுதான் ஸ்டோர்ஸ் பொறுப்பாளர் வைத்தீஸ்வரன், இவருடைய டப்பா திறக்கும்போதெல்லாம் கண்ணை மூடி மூச்சை இழுப்பதை உஸ்மான் கவனித்தார்.

"என்ன சார் வாசனை இது! தொடறவன் இல்லை நான். இருந்தாலும் கேக்கறேன், கோச்சுக்காதேள். ஒரே ஒரு உருண்டை..."

ஒரு உருண்டை இரண்டாகி, ஒரே வாரத்தில் டப்பாவே கைமாறியது. வைத்தீஸ்வரனின் மனைவி பாலாம்பாள் கட்டிக் கொடுக்கும் தயிர் சாதமும் மாவடுவும் உஸ்மானுக்கு. ஷபீனாவின் கறி வைத்தீஸ்வரனுக்கு. ஸ்டோர்ஸ் ரூமில் அட்டைப் பெட்டிகளுக்குப் பின்னால் உட்கார்ந்து அவர் சாப்பிடுவார். பிறகு வாய் கொப்பளித்து, கிராம்பு மென்று, நெற்றிக்கு விபூதியைப் புதுப்பித்துக்கொண்டுதான் வெளியே வருவார்.

ராத்திரி வீட்டில் இட்லிதான். மதியம் கனமாகச் சாப்பிட்டவருக்கு ராத்திரி லேசாக இருக்கவேண்டும் என்பது ஷபீனாவின் சட்டம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கோழி. இப்படியாக உஸ்மான் ஏறக்குறைய ஒரு தயிர்சாத மனிதராகி மூன்று வருஷம் ஓடியிருந்தது.

உண்மையைச் சொன்னால் கேமரா வேண்டாம். ஆனால் ஷபீனா முகத்தில் எப்படி விழிப்பது? அவர் கேமராவையே தேர்ந்தெடுத்தார்.

திங்கட்கிழமை டப்பா வழக்கத்தைவிடக் கனமாக இருந்தது. ஈரல் வறுவலும் எலும்புக் கறியும். ஷபீனா இருட்டோடு எழுந்து சமைத்திருந்தாள். "முழுசா சாப்பிடணும்" என்று அவள் சொன்னபோது குரல் ஒரு மாதிரி இருந்தது. சந்தேகப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டே உஸ்மான் டப்பாவைப் பைக்குள் வைத்தார்.

அட்டைப் பெட்டிகளுக்குப் பின்னால் வைத்தீஸ்வரன் மூடியைத் திறந்தார். திறந்த வேகத்திலேயே மூடினார்.

"சார், கெட்டுப்போச்சு."

"என்னது?"

"வாடை தூக்கறது. உள்ளே எலும்பு வேற கிடக்கு! இத்தனை நாள் ஒரு எலும்பு பார்த்திருப்பேனா நான்? கடைக்காரன் உங்க ஆத்துக்காரியை நன்னா ஏமாத்திட்டான்."

உஸ்மான் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டார். அப்படியே உட்கார்ந்துவிட்டார். அது மாமனாரின் கை. கல்யாண வீட்டில் முதல் பந்தியில் கிடைக்கும் அந்தக் கறி. ஷபீனாவுக்குக் கைமணம் திரும்பி வந்துவிட்டது!

"அருமையா இருக்கு வைத்தி சார்!"

"உங்களுக்கு நாக்கு செத்துப்போச்சு. எனக்கு வேண்டாம்."

வைத்தீஸ்வரன் தயிர் சாதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். கெட்ட சமையலுக்கே பழகின நாக்கு, நல்லதைக் கண்டால் துப்பத்தான் செய்யும் என்று உஸ்மான் அவரை மன்னித்தார். ஆனால் அவருடைய நிலைமை முன்பைவிட மோசமாகிவிட்டது. மூன்று வருஷத் துக்கம் தெளிந்து இன்றைக்குத்தான் அவள் கை திரும்பியிருக்கிறது. இந்த நேரத்தில் போய் "இத்தனை நாளும் ஒரு வாய்கூட நான் சாப்பிடலை" என்று சொல்ல முடியுமா?

புதன்கிழமை கேமரா உள்ளே போனது. தொண்டை வழியாக ஒரு தோட்டக் குழாயை இறக்குவதுபோல் இருந்தது. கண்ணில் தண்ணீர் கொட்ட, "அல்லாஹ், இதுவே போதும்" என்று உஸ்மான் மனதுக்குள் ஒப்பந்தம் பேசினார்.

"இரைப்பை சுத்தமா இருக்கு" என்று டாக்டர் வருத்தத்தோடு சொன்னார். "கறி சாப்பிடுறீங்க, வயிறும் நல்லா இருக்கு. அப்புறம் ஏன் குறையுது? இனிமே எலும்பு மஜ்ஜையைத்தான் பார்க்கணும். இடுப்பெலும்புல ஊசி விட்டு எடுப்போம். சனிக்கிழமை வந்துடுங்க."

ஷபீனா டாக்டரைப் பார்த்தாள், உஸ்மானைப் பார்த்தாள், ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மடியிலிருந்த கைப்பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் உஸ்மான் ஒரு முடிவோடு கம்பெனி பஸ்ஸிலிருந்து தாம்பரத்திலேயே இறங்கினார். டாக்டரைத் தனியாகப் பார்த்து உண்மையைச் சொல்லிவிடலாம். டாக்டர் வெளியே சொல்லமாட்டார். ஊசியிலிருந்தும் தப்பலாம், ஷபீனா மனசும் நோகாது. இந்த யோசனை ஏன் முதலிலேயே வரவில்லை என்று தலையில் அடித்துக்கொண்டே கிளினிக்குக்குள் நுழைந்தார்.

மூலை நாற்காலியில் ஷபீனா உட்கார்ந்திருந்தாள்.

"நீ எங்க இங்க?"

"நீங்க எங்க இங்க?" என்று எழுந்தே விட்டாள்.

"கேமரா ரிப்போர்ட் வந்துடுச்சான்னு கேக்கலாம்னு..."

"நானும் அதுக்குத்தாங்க வந்தேன்."

ரிப்போர்ட்டை முந்தின நாளே வாங்கியாகிவிட்டது. அது வீட்டு பீரோவில் இருந்தது என்று இருவருக்குமே தெரியும். ஒருவரை ஒருவர் பார்க்காமல் வெளியே வந்து ஷேர் ஆட்டோ பிடித்தார்கள்.  இவள் மோப்பம் பிடித்துவிட்டாள், டாக்டரிடம் துப்பு விசாரிக்கத்தான் வந்திருக்கிறாள் என்று உஸ்மான் முடிவுகட்டினார்.

சனிக்கிழமை மஜ்ஜை எடுக்கும் அறைக்கு வெளியே பெஞ்சில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். ஆஸ்பத்திரி உதவியாளர் சின்னப்பன் எட்டிப் பார்த்தார்.

"அஞ்சு நிமிட்ல கூப்பிடுவாங்க சார். ரெடியா இருங்க."

"ஊசி ரொம்பப் பெரிசாப்பா?"

"அதான் மரத்துப்போவ மருந்து போடுவாங்களே சார். அப்பால பெருசா இருந்தா இன்னா, சிறுசா இருந்தா இன்னா?"

உஸ்மானுக்கு அதில் ஆறுதல் எதுவும் கிடைக்கவில்லை. அந்த நேரம் பார்த்து வராந்தா முனையில் வைத்தீஸ்வரன் வந்தார். பின்னாலேயே பாலாம்பாள். உஸ்மான் எழுந்து ஓடிப்போய் அவரை ஓரமாக இழுத்தார்.

"நீங்க ஏன் சார் வந்தீங்க?"

"கம்பெனி செக்கப்ல எனக்கும் வெள்ளை அணு குறைச்சலாம். அதே வைட்டமின்தான். நீங்க சைவமான்னு டாக்டர் கேக்கறார். ஆமாம்னு சொன்னா பொய். இல்லேன்னு சொன்னா பக்கத்துல பாலா நிக்கறா. இருமிண்டே வெளியே வந்துட்டேன்."

"உங்களுக்கு எப்படிக் குறையும்? என் கறியை எல்லாம் நீங்கதானே சாப்பிட்டீங்க?"

"அதான் எனக்கும் புரியலை. தெய்வ குத்தம் சார். உள்ளே போனது உடம்புல ஒட்டலை." அவர் கண்கள் கலங்கியிருந்தன.

"சார், வாங்க சார்! ஊசியைக் கையில வெச்சிகினு நிக்கிறாங்க" என்று சின்னப்பன் கூப்பிட்டார்.

 அறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே பச்சைத் துணி விரித்த கட்டில் தெரிந்தது. அவர் திரும்பி ஷபீனாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஷபீனா, என்னை மன்னிச்சுடு. நீ கட்டித் தந்த கறியை நான் சாப்பிடலை. மூணு வருஷமா சாப்பிடலை."

அவள் கை அவர் கைக்குள் விறைத்தது. "சாப்பிடலையா?"

"அத்தா போனதுக்கு அப்புறம் உன் கைப்பக்குவம் கொஞ்சம் மாறிடுச்சு. உன்கிட்ட சொல்ல மனசு வரலை. டப்பாவை ஆபீஸ்ல ஒருத்தருக்குக் கொடுத்துட்டு நான் தயிர் சாதம் சாப்பிட்டேன். இந்த திங்கக்கிழமையிலருந்துதான் சாப்பிடுறேன். சத்தியமா அமிர்தம் மாதிரி இருக்கு."

"யாருக்குக் கொடுத்தீங்க?"

 சிநேகிதனைக் காட்டிக்கொடுக்க உஸ்மானுக்கு மனம் வரவில்லை. பாலாம்பாள் இரண்டடி தள்ளி நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

வைத்தீஸ்வரன்தான் முன்னால் வந்து கைகூப்பினார். "நான்தாம்மா. பரம்பரையில யாரும் தொட்டதில்லை. நான்தான் புத்தி கெட்டுப்போய் மூணு வருஷமா சாப்பிட்டேன். பாலா, நீ என்னை என்ன வேணா பண்ணு. இனிமே என்னால மறைச்சுண்டு இருக்க முடியாது."

பாலாம்பாள் சுவரைப் பிடித்துக்கொண்டார். "மூணு வருஷமாவா? தினமுமா?" என்று மட்டும் கேட்டார். அப்படியே பெஞ்சில் சரிந்து உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். வைத்தீஸ்வரன் குற்றவாளிபோல் அவர் எதிரில் நின்றார்.

ஷபீனா இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். தோள்கள் குலுங்கின. தன்னால்தான் அவள் அழுகிறாள் என்று உஸ்மான் நினைத்தார். இதற்கு அந்த ஊசியே தேவலாம் என்று இருந்தது. அவளோ கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரைத் தாண்டிப் போய், பாலாம்பாள் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் தோளில் கை வைத்தாள்.

"அழாதீங்க மாமி. சார் ஒரு பாவமும் பண்ணலை. மூணு வருஷம் முன்னாடி இவருக்குக் கொழுப்பு ஏறிடுச்சுன்னு டாக்டர் சொன்னதும் பயந்துபோய், இவருக்குத் தெரியாம, போன வாரம் வரைக்கும் நான் அந்த டப்பாவுல கறின்னு வெச்சதெல்லாம் சோயா மீல்மேக்கர்தான்!"