எட்டாவது எழுத்து

பேய் பிசாசு எல்லாம் மனப்பிராந்தி என்று டீக்கடை டீக்கடையாகப் பிரசங்கம் செய்து திரிந்தவன் நான். அப்பேர்ப்பட்ட நானே பட்டப்பகலில் ஒரு கம்ப்யூட்டரைப் பார்த்து அலறி, ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து பஸ் ஸ்டாப் வரைக்கும் வெறுங்காலோடு ஓடியிருக்கிறேன். (கையில் வெள்ளிச் சொம்பு வேறு. பார்த்தவர்கள் திருடன் என்றுதான் நினைத்திருப்பார்கள்.)

தொண்ணூறுகளின் கடைசி. பட்டம் வாங்கிவிட்டு அண்ணனூரில் வேலை வெட்டி இல்லாமல் இருந்தேன். எனக்கு இருந்த ஒரே கிறுக்கு, எமுலேட்டர். புதுக் கம்ப்யூட்டரைப் பழைய கம்ப்யூட்டர் மாதிரி நடிக்க வைக்கும் புரோகிராம் அது. பழைய மெஷின் பேரீச்சம்பழத்துக்குப் போயிருந்தாலும் பரவாயில்லை. அதன் ஃபிளாப்பியில் இருப்பதை இறக்கிக் கொடுத்தால், தன் காலத்தில் எப்படிக் கண் விழித்ததோ அப்படியே இதற்குள் விழிக்கும். "ஒண்ணுமில்ல, சாமியாட்டம் மாதிரிதான்" என்று கேட்பவர்களிடம் சிரித்துக்கொண்டே சொல்வேன். சிரித்தேனே, அதற்குத்தான் அனுபவித்தேன்.

எனக்கு அத்தை மகள் தேவியைக் கட்டிக்கொள்ள ஆசை. அவளுக்கும் சம்மதம். பவானி அத்தைதான் பிடி கொடுக்கவில்லை. மாமா இறந்தபின் அவர் வேலை பார்த்த ஃபாக்டரியிலேயே வேலை கிடைத்து, குவார்ட்டர்ஸில் ஒற்றையாளாகப் பெண்ணை வளர்த்தவர். வேலையில்லாத அண்ணன் மகனை நம்பிக் கொடுப்பாரா? பாரிவாக்கத்திலிருந்து ஒரு மாப்பிள்ளை ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருவதாக இருந்தது. அதற்குள் அத்தை மனதைக் கரைத்தாக வேண்டும்.

அப்போதுதான் மாமாவின் ஃபிளாப்பிகள் ஞாபகம் வந்தன. எண்பதுகளில் ஏலத்தில் ஒரு கம்ப்யூட்டரை எடுத்து வந்து வீட்டில் வைத்துக்கொண்டவர் அவர். கரும்பச்சைத் திரை, ஆங்கிலப் பெரிய எழுத்து மட்டும்தான் வரும். அதிலேயே தமிழை அடிப்பார். 'ஆ' நெடில் வந்தால் கண்டிப்பாக இரண்டு A. மெஷின் எப்போதோ காயலான் கடைக்குப் போய்விட்டது. அத்தை வீட்டுப் பிஸ்கட் டின்னில் ஃபிளாப்பிகள் மட்டும் மிச்சம்.

டின்னைத் தூக்கிக்கொண்டு மண்ணூர்பேட்டையில் ரிப்பேர் கடை வைத்திருந்த வேலுவிடம் போனேன். திறந்ததும் ஈரச்சுவர் வாடை அடித்தது.

"இன்னா நைனா, பூஞ்சை பூத்துகினு கீது. போனவரு பொருளுன்ற. நோண்டாம உட்டுடு, சொல்ட்டேன்."

"பயமா வேலு?"

"எனுக்கு இன்னா பயம்? உனுக்குத்தான் சொல்றேன்."

ஒன்றே ஒன்றுதான் தேறியது, அதுவும் அரைகுறையாக.

சனிக்கிழமை மத்தியானம் என் கம்ப்யூட்டரை ஆட்டோவில் ஏற்றி அத்தை வீட்டுக் கூடத்தில் இறக்கினேன். வெளியே மழை இருட்டு. அத்தை நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். தேவி சுவரோரம் நின்றாள். எமுலேட்டரைத் தட்டினேன். திரை கறுத்தது. கொஞ்ச நேரம் ஒன்றுமே இல்லை. பிறகு பச்சையில் ஒவ்வொரு எழுத்தாக வந்தது.

VAA BHAVAANI. SAAPTIYAA?

மெஷின் கண் விழித்ததும் பெண்டாட்டியை விசாரிக்கும்படி மாமா எழுதி வைத்த சின்ன புரோகிராம் அது, வேறொன்றுமில்லை. எனக்கு அது நன்றாகத் தெரியும். ஆனால் மாமா செத்துப்போனது அந்த மெஷினுக்குத் தெரியாதே என்று ஒரு நினைப்பு வந்தது பாருங்கள், அங்கேயே என் பகுத்தறிவு பாதி காலி.

அத்தை சட்டென்று எழுந்து நின்றார். முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டார்.

"இப்பத்தாங்க சாப்பிட்டேன். நீங்க?"

பதிலுக்குக் கர்சர் விட்டு விட்டு மின்னியது. அத்தை திரைக்குப் பக்கத்தில் குனிந்தார்.

"ஏங்க, இந்தப் பையன் நம்ம வீட்டுக்கு மாப்பிள்ளையா வரணுங்கறான். வரட்டுமா?"

என் கை சும்மா இருந்திருக்கலாம். வித்தை காட்டும் ஆர்வத்தில் DIR என்று தட்டினேன். ஃபிளாப்பியில் இருக்கும் ஃபைல்களின் பெயரைக் காட்டு என்று அர்த்தம். பூஞ்சை விட்டு வைத்திருந்த ஒரே ஒரு பெயர் வந்தது.

VARAVEND

அத்தை எழுத்துக் கூட்டினார். "வர... வேண்... வரவேண்டாம்னு சொல்றாருடா!"

"அய்யோ அத்தை! இதுல எட்டு எழுத்துக்கு மேல பேர் வைக்க முடியாது. மிச்சத்தை வெட்டிடும். வரவேண்டும்னு கூட இருக்கலாமே!"

"அவரு உயிரோட இருந்தப்பவே எட்டு எழுத்துக்கு மேல பேசினதில்ல. எனக்குப் புரியும்."

என் வாழ்க்கை 'டும்'முக்கும் 'டாம்'முக்கும் நடுவே தொங்கியது. ஃபைலைத் திறந்து காட்டிவிடலாம் என்று தட்டினேன்.

BDOS ERR ON A: BAD SECTOR

ஃபிளாப்பியில் அந்த இடம் கெட்டுப்போய்விட்டது, படிக்க முடியாது என்று அர்த்தம்.

"பேடுனு வேற வருது!" என்று அத்தை அப்படியே தரையில் சரிந்தார். நான் சமையலறைக்கு ஓடினேன். கைக்குக் கிடைத்த சொம்பில் தண்ணீர் மொண்டுகொண்டு திரும்பினேன். தேவி அம்மாவின் தலையை மடியில் வைத்து விசிறிக்கொண்டிருந்தாள். கூடத்தில் மற்றபடி எதுவும் அசையவில்லை. என்னமோ தோன்றி, நின்றபடியே ஒற்றை விரலால் மறுபடி DIR தட்டினேன்.

VARALAAM

வரலாம்!

உத்தரவு கிடைத்ததே என்று துள்ளியிருக்க வேண்டியவன் "மாமா, என்னை விட்டுருங்க!" என்று அலறினேன். சொம்புத் தண்ணீர் மொத்தமும் கம்ப்யூட்டர் மேல். படீர் என்று ஒரு வெடி, ஃப்யூஸ் போய்க் கூடம் இருண்டது. அதற்கப்புறம் நடந்ததைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

மயக்கம் தெளிந்த அத்தை, 'வரலாம்' என்று வந்ததை தேவி சொல்லக் கேட்டு, பாரிவாக்கத்துக்கு ஆள் அனுப்பி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். (இந்த வேண்டாமில் மட்டும் சந்தேகமே இல்லை.) எனக்கு வேலை கிடைத்த கையோடு கல்யாணம் நடந்தது. "மாமா ஆசி" என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்க, ஒரு நாள் தேவி காய் நறுக்கியபடி சொன்னாள்.

"மாமாவும் இல்ல, ஆசியும் இல்ல. நீ தண்ணி எடுக்கப் போனப்ப நான்தான் பேரை மாத்தினேன். சின்னப் பிள்ளையில அப்பா மடியில உக்காந்து கத்துக்கிட்டது. REN போட்டு VARALAM. அவ்ளோதான்."

நிம்மதியாகச் சிரித்தேன். சிரித்து முடிக்கும்போது உறைத்தது.

"எத்தனை A போட்டே?"

"மூணு. ஒவ்வொரு இடத்திலயும் ஒண்ணு. ரெண்டு ரெண்டா போட நான் என்ன எங்கப்பாவா?"

நான் பார்த்தது LAAM. இன்றைக்கும் சத்தியம் பண்ணுவேன். அவளும் 'லா'வுக்கு ஒரு A தான் என்று சத்தியம் பண்ணுகிறாள். சாட்சி சொல்ல வேண்டிய கம்ப்யூட்டரை நான்தான் குளிப்பாட்டிக் கொன்றுவிட்டேனே. கடைசியில் அத்தையிடம் பஞ்சாயத்துக்குப் போனோம். அவர் முறத்திலிருந்து நிமிரவே இல்லை.

"இவ போட்டது ஏழு எழுத்து. எட்டுக்கு இடம் இருக்கறப்ப அவரு சும்மா இருப்பாரா? ஒண்ணு போட்டிருப்பாரு."

இன்றும் எங்கள் வீட்டில் சுட்டதற்கு மேல் ஒரு வடை அதிகமாக இருந்தால், அணைத்த விளக்கு எரிந்துகொண்டிருந்தால், பிள்ளைகள் "எட்டாவது எழுத்து" என்று கத்திச் சிரிக்கிறார்கள். நானும் சிரிக்கிறேன், கையில் சொம்பு இல்லை என்பதை உறுதி செய்துகொண்டு.