ஒற்றை நட்சத்திர வேட்டை

“எத்தன பன்னி சுட்டிருக்கீங்க தம்பி?” என்று சூசைநாதன் கேட்டபோது கீர்த்தனன் “நாலு” என்று சொல்லியிருக்கத் தேவையில்லை.

சுட்டது ஒன்றுமில்லை. பன்றியை அவன் பார்த்ததெல்லாம் பாரீஸின் லா சப்பல் தெரு இறைச்சிக்கடையில், அதுவும் துண்டுகளாக. இரத்தப் பரிசோதனைக்குப் போனால் ஊசி குத்துவதற்கு முன்பே கதிரையில் சாய்ந்துவிடுகிற ஆள் அவன். ஆனால் புறநகர் பியர்ஃபித்தில் அந்த வரவேற்பறைச் சுவரில் ஒரு துப்பாக்கி தொங்கியது. அதன் கீழே, பிரெஞ்சு இராணுவத்தில் இருபத்திரண்டு வருடம் இருந்த புதுச்சேரிக்காரர் முதுகு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அவருடைய கடைசி மகள் ஆனைஸைக் கட்டிக்கொள்ள வந்தவனுக்கு, ஒன்றுமில்லை என்ற சொல் வாய்க்குள் நின்றுவிட்டது.

“நாலா? எங்க?”

“வன்னியிலை, அங்கிள்.”

வன்னியை அவன் ஆறு வயதில் பஸ் யன்னலால் பார்த்திருக்கிறான்.

சூசைநாதன் தலையை ஆட்டினார். “அப்ப நல்லதாப் போச்சு. நவம்பர்ல ஒரு நாள் போவோம். பாரீஸ்லருந்து ரெண்டு மணி நேரத்துக்குள்ள இருக்கணும். ஒரே நாள். பன்னி வேட்டை. மத்தியானம் சூடா சூப். எடத்த நீங்களே பாத்து ரெசெர்வே பண்ணுங்க. நா தலையிட மாட்டேன். வந்த பெறகு மத்ததப் பேசலாம்.”

மற்றது என்றால் கலியாணம்.

வாசல் வரை வழியனுப்ப வந்த ஆனைஸ், சப்பாத்து மாட்டுகிறவனைப் பார்த்துக்கொண்டு நின்றாள். “ஏன் நாலு? ஒண்ணுன்னு சொல்லியிருக்கலாம்ல.”

“ஒண்டு எண்டால் தற்செயலாச் சுட்ட மாதிரிக் கிடக்கும்.”

“பெரியக்காவுக்கு சிரில் அத்தானுக்கு முன்னாடி ஒருத்தர் வந்தாரு. அப்பாவ ரொம்பப் பேர் போன எடத்துக்குக் கூட்டிட்டுப் போயி மூணு பன்னி சுட்டாரு. அப்பா ஒண்ணும் சுடல. கை குடுத்தாரு, ஃபோட்டோவுக்கு நின்னாரு. அதோட அந்தப் பேச்சே எடுக்கல.”

“ஏன்?”

“அப்பாகிட்ட போயி யாரு ஏன்னு கேப்பா?”

திரும்புகிற ரயிலிலேயே கீர்த்தனன் அதை ஆராய்ந்து முடித்துவிட்டான். மாமனாராக வரப்போகிறவர் ஒன்றும் சுடாதபோது மூன்று சுட்டதுதான் அந்த ஆள் செய்த பிழை. ஆகவே பன்றியே வராத இடமாகப் பார்க்க வேண்டும். பன்றி வராவிட்டால் யாரும் சுட வேண்டியதில்லை. யாரும் சுடாவிட்டால் இரத்தம் இல்லை. வன்னியில் சுட்டதாகச் சொன்ன நாலு, நாலாகவே இருக்கும்.

கீர்த்தனனுக்குத் தன்மேல் நம்பிக்கை குறைவு. தன் குறிப்புக் கொப்பிமேல் நம்பிக்கை அதிகம். லா சப்பலில் அருள்நேசனின் பயண முகவர் கடையில் அவன் ஐந்து வருடமாக வேலை செய்வது அந்தக் கொப்பியின் பலத்தில்தான். அன்றிரவே கட்டம் போட்டான். மேலே மூன்று வேட்டை முகாம்களின் பெயர். பக்கவாட்டில் தூரம், நாள், பன்றி, சூப்.

முதல் முகாமுக்கு ஐந்து நட்சத்திரம். புல்வெளியில் வரிசையாகக் கிடத்திய பன்றிகளின் படத்தைப் பார்த்ததும் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தான். இரண்டாவது முகாம், வருகிற எல்லோருக்கும் வேட்டை உரிமம் கேட்டது. மூன்றாவது, சொலோஞ் காட்டில் லாம்பேர் என்ற ஒருவர் நடத்துவது. அதற்கு நாலே நாலு விமர்சனங்கள். நாலுக்கும் ஒற்றை நட்சத்திரம்.

‘காலை எட்டு மணியிலிருந்து நின்றோம். பன்றியின் வால்கூடத் தெரியவில்லை. சூப் மட்டும் பரவாயில்லை.’

‘பறவைகள்தான் அதிகம். துப்பாக்கி தூக்கிய தோள் வலித்ததுதான் மிச்சம். சூப் மட்டும் பரவாயில்லை.’

மற்ற இரண்டும் அப்படித்தான். கீர்த்தனன் கொப்பியில் எழுதினான்: ‘பன்றி: இல்லை. சூப்: உண்டு. சாட்சிகள்: நாலு பேர்.’ கீழே இரட்டைக் கோடு போட்டான்.

மறுநாள் லாம்பேரைத் தொலைபேசியில் அழைத்தான்.

“எங்களைப் பற்றி யார் சொன்னது?” என்று பிரெஞ்சில் கேட்டது ஒரு கரகரத்த குரல்.

“விமர்சனங்களைப் படித்தேன், முசியே.”

“படித்த பிறகுமா கூப்பிடுகிறீர்கள்?”

“ஓம்” என்று தமிழில் சொல்லிப் பின் பிரெஞ்சுக்கு மாறினான்.

மறுபக்கம் தாள் புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு ஏதோ திருப்திப்பட்டதுபோல, “நல்லது. எந்தச் சனிக்கிழமை?” என்றது குரல்.

உரிமம் துப்பாக்கி பிடிக்கிறவருக்கு இருந்தால் போதும், இவன் வெறுங்கையோடு பக்கத்தில் நிற்கலாம் என்றார் லாம்பேர். கீர்த்தனனுக்கு அந்தத் தொலைபேசியை முத்தமிடலாம் போலிருந்தது. ஆனால் ஒரு நிபந்தனை வந்தது. காட்டுக்குள் சத்தம் போட்டு நடந்து மிருகங்களைக் கலைக்க ஆறு பேர் வேண்டும். அவருடைய ஆட்களுக்கு முழங்கால் போய்விட்டது. செம்மஞ்சள் சட்டை அவரே தருவார். சாப்பாடும் அவர் பொறுப்பு.

கீர்த்தனன் முதலாளியிடம் போனான். அருள்நேசன் ஒவ்வொரு ஓகஸ்டும் லூர்து மாதா கோயிலுக்கு பஸ் விடுகிறவர். பதினைந்து வருடத்தில் ஓர் இருக்கை காலியாகப் போனதை அவர் கண்டதில்லை.

“அண்ணை, ஒரு நாளைக்கு ஆறு பேர் வேணும். காட்டுக்கை நடக்கிறதுதான் வேலை.”

“சாப்பாடு?”

“அவையே தருவினம்.”

அருள்நேசன் கண்ணாடியைக் கழற்றினார். அது அவருக்கு யோசனை வருகிற அடையாளம். “ஆறு பேர்தானே. நீ யோசியாதை. நான் பாக்கிறன்.”

மறுநாள் காலை கடைக் கண்ணாடியில் ஓர் அறிவித்தல் ஒட்டியிருந்தது. ‘காட்டுலா. ஒரு நாள். மதிய உணவு இலவசம். குடும்பமாக வரலாம்.’ மத்தியானத்துக்குள் முப்பத்தொரு பேர் பெயர் கொடுத்திருந்தார்கள்.

“அண்ணை, இது வேட்டை.”

“நடக்கிறதெண்டுதானே சொன்னனீ. முப்பத்தொரு பேரும் நடப்பினம்.”

கீர்த்தனன் அறிவித்தலைக் கிழித்தான். அதைத்தான் செய்திருக்கக்கூடாது. அறிவித்தல் போனதைக் கண்ட தெரு, இடம் முடியப்போகிறது என்று விளங்கிக்கொண்டது. நகைக்கடைக்காரர் குடும்பத்தோடு வந்தார். சேலைக்கடையில் வேலை செய்கிற மூன்று பெண்கள் ஒன்றாக வந்தார்கள். பின்னேரம் எண்ணியபோது நாற்பத்தெட்டு.

கடைசி முயற்சியாக லாம்பேரை அழைத்து உண்மையைச் சொன்னான். நாற்பத்தெட்டுப் பேர் என்றால் எந்த வேட்டைக்காரனும் மறுத்துவிடுவான். பிறகு வேறு தேதி, வேறு ஆறு பேர்.

“நாற்பத்தெட்டா?” என்றார் லாம்பேர். “என் அப்பா காலத்துப் பெரிய பானையை எடுக்க வேண்டியதுதான்.”

அந்தத் தொலைபேசியை வைக்க அடுத்தது அடித்தது. லெ பிளாங்-மெனில் வீட்டிலிருந்து அம்மா நாகேஸ்வரி.

“தம்பி, உங்கடை கடையாலை எங்கையோ காட்டுக்குப் போகினமாம். எனக்கு ஏன் சொல்லேல்லை?”

“அம்மா, அங்கை சரியான குளிர்.”

“லூர்துக்கு மழையிலையும் போனனான். எனக்கு முன்சீற்று போடு.”

ஆனைஸ் என்று ஒருத்தி இருப்பதே அம்மாவுக்குத் தெரியாது. அவள் வேதக்காரக் கிறிஸ்தவப் பிள்ளை, புதுச்சேரிப் பிள்ளை என்பதை எந்த ஒழுங்கில் சொல்வது என்று கீர்த்தனன் எட்டு மாதமாகக் கொப்பியில் கட்டம் போட்டுக்கொண்டிருந்தான். முடிவில், அம்மாவுக்கு முன்சீற்றும் சூசைநாதனுக்குக் கடைசிச் சீற்றும் என்று பெரிய எழுத்தில் எழுதி, பஸ் ஓட்டுகிற பேதுருவிடம் கொடுத்தான். இடையில் பன்னிரண்டு வரிசை. அது போதும்.

சனிக்கிழமை காலை பஸ் லா சப்பலில் நிரம்பி, லெ பிளாங்-மெனிலில் அம்மாவை ஏற்றி, பியர்ஃபித் போய் நின்றது. பச்சை மேலங்கியும் துப்பாக்கிப் பெட்டியுமாக சூசைநாதன் ஏறினார். உள்ளே நாற்பத்தொன்பது முகங்களையும், மடிகளில் இருந்த சாப்பாட்டுப் பெட்டிகளையும், சன்னமாகப் போய்க்கொண்டிருந்த பாட்டையும் நின்று பார்த்தார்.

“வேட்டைக்குத்தானே தம்பி?”

“ஓம் அங்கிள். இவையள் காடு கலைக்க.”

கடைசி வரிசையில் நகைக்கடைக்காரரின் குடும்பம் கால் நீட்டிப் படுத்திருந்தது. அவர்களை எழுப்ப பேதுருவுக்கு மனம் வரவில்லை. “ஐயா, இஞ்சை முன்னாலை ஒண்டு கிடக்கு, இருங்கோ” என்று நாகேஸ்வரியின் பக்கத்து இருக்கையைக் காட்டினான்.

இரண்டு மணி நேரம் கீர்த்தனன் நடுவரிசையில் நின்று இரண்டு பின்தலைகளைப் பார்த்தான். முதல் அரை மணி நேரம் அவை அசையவில்லை. ஒர்லியான் நகருக்குப் போகிற பாதையில் அம்மாவின் கை சாப்பாட்டுப் பெட்டியிலிருந்து ஒரு ரோல்ஸை நீட்டியது. அதற்குப் பிறகு இரண்டு தலைகளும் ஒன்றையொன்று பார்த்துத் திரும்பிவிட்டன. பாட்டுச் சத்தத்தில் ஒரு சொல்லும் கேட்கவில்லை.

லாம்பேர் வெள்ளை மீசைக்காரர். செம்மஞ்சள் சட்டைகளைக் கொடுத்து, எல்லோரையும் காட்டோரம் வரிசையில் நிறுத்தினார். கீர்த்தனன் மொழிபெயர்த்தான்.

“சத்தம் போடச் சொல்லுறாரோ? என்ன சத்தம்?” என்று நாகேஸ்வரி கேட்டாள். சட்டையைச் சேலைக்கும் குளிர்கோட்டுக்கும் மேலே போட்டிருந்தாள்.

“சும்மா கதைச்சுக்கொண்டு நடந்தால் காணுமாம்.”

அந்த நாற்பத்தொன்பது பேருக்கு பிரான்சில் இவ்வளவு சுலபமான வேலையை யாரும் கொடுத்ததில்லை. யார் வீடு வாங்கினார்கள், யாருடைய மகன் யாரோடு போனான், விசா புதுப்பிக்கிற பிரெஃபெக்சரில் எந்தச் சாளரத்துப் பெண் சிரிப்பாள் என்று தொடங்கிய சத்தம் மரங்களுக்குள் போய், பெருகி, மறுபக்கத்தால் திரும்பி வந்தது. முதலில் பறவைகள் கிளம்பின. பிறகு முயல்கள். ஒரு மான் யாரோ துரத்துகிற மாதிரிப் பாதையைக் கடந்தது.

இந்தக் காட்டில் பன்றி இல்லை என்று கீர்த்தனன் தனக்குள் சொல்லிக்கொண்டான். சாட்சிகள் நாலு பேர்.

ஓக் மரத்தடியில் அவனும் சூசைநாதனும் நின்ற இடத்துக்கு நேரே, இருபது அடி தூரத்தில், புதர் பிளந்தது. அங்கே நின்றது பன்றி. ஒரு ஸ்கூட்டர் அளவு இருந்தது. நாற்பத்தொன்பது பேரின் கதையைக் கேட்டுக் களைத்த முகத்தோடு அது இவர்களைப் பார்த்தது.

சூசைநாதன் மெதுவாகத் துப்பாக்கியைத் தோளுக்கு உயர்த்தினார்.

கீர்த்தனன் கை தட்டினான். யோசித்துச் செய்ததல்ல, கொப்பியில் அப்படி ஒரு கட்டமே இருக்கவில்லை. இரண்டு கைகளும் தாமாகச் சேர்ந்து, பள்ளிக்கூட விழாவில் தட்டுகிற மாதிரிப் படபடவென்று தட்டின. பன்றி உடம்பைத் திருப்பியது. பன்னச் செடிகள் ஆடின. பிறகு ஒன்றுமில்லை.

“எதுக்குத் தட்டுனீங்க?”

இனி மறைக்க ஒன்றுமில்லை. “அங்கிள், நான் ஒரு பன்றியும் சுட்டதில்லை. ரத்தம் கண்டால் மயங்கி விழுந்திடுவன். இஞ்சை பன்றி வராது எண்டு வாசிச்சுத்தான் இந்த இடத்தைப் பதிஞ்சனான். நாலு எண்டது பொய். ஆனைஸைக் கட்டவேணும் எண்டது மட்டும் உண்மை.”

சூசைநாதன் துப்பாக்கியைக் கீழே இறக்கினார். அதைத் திறந்தார். உள்ளே எடுக்கத் தோட்டா எதுவும் இல்லாததால் அப்படியே மூடித் தோளில் மாட்டிக்கொண்டார். அதையெல்லாம் கவனிக்கிற நிலையில் கீர்த்தனன் இல்லை.

“பசிக்குது. வாங்க” என்றார்.

முகாம் கூடத்தில் பெரிய பானையிலிருந்து ஆவி எழுந்தது. சேலைக்கடைப் பெண்கள் சம்பல் போத்தலை மேசை மேசையாக அனுப்பினார்கள். சூசைநாதன் ஒரு கரண்டி குடித்து, யாரையும் பார்க்காமல், “சூப் மட்டும் பரவால்ல” என்றார். பிறகு நாகேஸ்வரியின் பக்கம் திரும்பினார்.

“அம்மா, நாளைக்கு ஞாயித்துக்கெழம. வீட்டுக்கு வாங்க. பொண்ணப் பாத்துட்டு நாள் குறிச்சிடலாம்.”

“வாறன். பஸ்ஸிலையே படம் காட்டினியள்தானே, வடிவான பிள்ளை” என்ற நாகேஸ்வரி, மகனைப் பார்த்தாள். “ஊரெல்லாம் நான் கதைக்கிறன் எண்டுறாய். உனக்கு எட்டு மாசமா வாய் இல்லாமல் போச்சோ?”

கீர்த்தனன் கொப்பியைப் புரட்டினான். பொய் சொல்லிப் பிடிபட்டவனுக்கு, வேட்டையைக் கெடுத்தவனுக்கு, எதற்காகப் பெண் கொடுக்கிறார்கள் என்று எந்தக் கட்டத்திலும் விடை இல்லை. குறைந்தபட்சம் ஒருவரிடமாவது மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று பட்டது. சமையல்கட்டில் கிண்ணங்களை அடுக்கிக்கொண்டிருந்த லாம்பேரிடம் போனான்.

“மன்னியுங்கள், முசியே. உங்கள் காட்டில் எத்தனையோ வருடத்துக்கு ஒருமுறை வந்த பன்றியை நான் கலைத்துவிட்டேன். இனி இங்கே யாரும் பதிவு செய்யாமல் போனால் அது என்னால்தான்.”

லாம்பேர் அடுக்குவதை நிறுத்தாமலே சொன்னார்: “அதெல்லாம் வருவார்கள் தம்பி, சூசைநாதனுடைய மூத்த மருமகன்கள் இரண்டு பேரும் அந்த ஒற்றை நட்சத்திரங்களைப் பார்த்துத்தான் இங்கே பதிந்தார்கள், அவற்றை உட்கார்ந்து எழுதிப் போடுகிறவரே உன் மாமனார்தான்.”