சின்னராஜுக்கு ஒரு முழுப் பக்கம்

இளம்பிள்ளை ஊரில் சேலைக் கடை வைத்திருக்கும் சின்னராஜ் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். அவர் முடிவுக்கு வருவதே அபூர்வம். வந்தாலும், மனைவி அகல்யா வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் வருவார். இந்த முறை அவள் அடுப்படியில் தோசை வார்த்துக்கொண்டிருக்கும்போதே வந்துவிட்டார் என்றால், விஷயம் எவ்வளவு பெரிது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

“அகல்யா! நம்ம கடைக்கு வெப்சைட் போடறேன்!”

“சட்னிக்கு உப்புப் போட்டனான்னு மொதல்ல பார்த்துச் சொல்லுங்க.”

“உலகமே நம்ம சேலையைப் பார்க்கப் போவுது புள்ள!”

“உப்பு?”

“இருக்குது, இருக்குது. இதுக்குப் பத்துப் பைசா செலவில்லை. எல்லாம் ஓசி!”

தோசைக் கரண்டி அந்தரத்தில் நின்றது.

“ஓசியா? எந்தப் புண்ணியவான் குடுக்கறான்?”

சின்னராஜ் இதற்காகத்தான் காத்திருந்தார். கையில் சட்னி ஒட்டியிருப்பதையும் மறந்து போனை நீட்டினார். பக்கமெல்லாம் அமைத்துத் தயாராக வைத்த டெம்ப்ளேட் ஓசி. அதில் போடுகிற படம் ஓசி. விதவிதமான எழுத்து ஓசி. லாரி, கூடை, டெலிபோன் என்று குட்டிக்குட்டியாக ஐகான், அதுவும் ஓசி. எந்த நிறத்தோடு எந்த நிறம் சேரும் என்று சொல்லிக்கொடுக்கக்கூட ஒரு தளம் இருந்தது. யார் யாரோ எங்கெங்கோ உட்கார்ந்து செய்து, எடுத்துக்கோ ராசா என்று இணையத்தில் கொட்டி வைத்திருந்தார்கள். ஆடித் தள்ளுபடியில்கூட இப்படியொரு அதிசயத்தைச் சின்னராஜ் கண்டதில்லை.

ஆனால் அவர் துள்ளிக் குதித்ததற்கு உண்மையான காரணம் வேறு. கடை வாசலில் ‘சின்னராஜ் சில்க்ஸ்’ என்று ஆளுயரத்துக்குப் பலகை தொங்குகிறது. ஒரு பிராணி அதைப் படிப்பதில்லை. வருகிறவர்கள் எல்லாம், “அக்கா கடை எதுங்க?” என்று கேட்டுக்கொண்டுதான் வருவார்கள். அகல்யா இல்லை என்றால், “அக்கா வரட்டுங்க, அப்புறமா வாரோம்” என்று படியிறங்கிவிடுவார்கள். போன மாதம் ஒரு கல்யாண வீட்டம்மாள் அவரிடமே, “ஏனுங்க தம்பி, இங்க வேலைக்குச் சேர்ந்து ரொம்ப நாளாச்சுங்களா?” என்று கேட்டுவிட்டாள். அன்றைக்கு மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை. சொந்தக் கடையில் தன் மூஞ்சி நாலு பேருக்குத் தெரிய வேண்டும் என்று நினைப்பது ஒரு பேராசையா?

அப்போதுதான் அந்த டெம்ப்ளேட் கண்ணில் பட்டது. திறந்த உடனே திரை முழுக்க ஒரு வெள்ளைக்காரன் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான். கோட்டு, சிரிப்பு, பின்னால் பனிமலை. கீழே, ‘நிறுவனர்’. சேலை வாங்க எவன் வந்தாலும் இந்த முகத்தைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். வெள்ளைக்காரனைத் தூக்கிவிட்டு அங்கே தான் நிற்பதைச் சின்னராஜ் நினைத்துப் பார்த்தார். மயிர்க்கூச்செறிந்தது.

வேலை அன்றே தொடங்கியது. வெள்ளைச் சட்டை போட்டு, வெள்ளைச் சுவர் முன்னால் கையைக் கட்டி நின்று, போட்டோ எடுத்தார். படத்தின் பின்னணியை மட்டும் அழித்துத் தருகிற ஓசித் தளம் ஒன்றிருந்தது. அதில் ஏற்றினார். அந்தத் தளம் சுவரோடு சேர்த்துச் சட்டையையும் அழித்துவிட்டது. பனிமலைக்கு முன்னால் ஒரு தலையும் இரண்டு கைகளும் அந்தரத்தில் மிதந்தன.

“அய்யோ! என்னங்க இது, பேயோட்டற கடைக்கு வெப்சைட்டுங்களா?” என்றாள் அகல்யா.

“தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பார்க்கப்படாது. சட்டையை மாத்திக்கறேன்.”

அரக்குச் சட்டையில் படம் அருமையாக வந்தது. கை, கால், மீசை எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. அடுத்து, ‘சேலை கட்டிய பெண்’ என்று தேடி ஓசிப் படம் ஒன்றையும் இறக்கி, அதே பனிமலைக்கு முன்னால் ஒட்டினார்.

அகல்யா கிட்டே வந்து பார்த்தாள். “இவ சேலையைக் கட்டியிருக்காளா, இல்லை கட்டு போட்டிருக்காளா? முந்தானை எந்தத் தோள்ல கெடக்குதுன்னு பாருங்க.”

“ஓசியில அவ்வளவுதான் கெடைக்கும்.”

“கொசுவத்தைக் காணமே!”

“மலைக்குப் பின்னால இருக்கும் போல.”

“ஏனுங்க, நம்ம கடையில அலமாரி நெறையச் சேலை கெடக்குது. அதை எடுத்து மொத பக்கத்துல போட்டா என்ன? பேரும் எல்லாருக்கும் தெரிஞ்ச பேரா, அக்கா கடைன்னே வெச்சரலாம்.”

சின்னராஜ் போனை வெடுக்கென்று தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “மொத பக்கத்துல நாந்தான். பேரு சின்னராஜ் சில்க்ஸ். இதுல மாத்தமே கெடையாது!”

“சேலை வாங்க வாரவங்களுக்கு உங்க மூஞ்சி எதுக்குங்க?”

“நம்பிக்கை வரோணுமில்ல!”

“உங்க மூஞ்சியப் பார்த்தா?”

இப்படியே இரண்டு நாள். சாப்பாட்டில் பேச்சு, கடையில் பேச்சு, துணி காயப்போடும்போது பேச்சு. கடைசியில் சின்னராஜின் மூளையில் ஒரு பொறி தட்டியது. அவர் மூளையில் பொறி தட்டினால் எப்போதும் அவர் வேட்டிதான் முதலில் பற்றும். அது அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை.

“சரி புள்ள. நீயும் விடமாட்டே, நானும் விடமாட்டேன். முனியப்பன்கிட்டப் பூக் கேட்டரலாம்.”

அந்தப் பக்கத்தில் பெண் எடுப்பதானாலும் கிணறு வெட்டுவதானாலும், மனசு இரண்டாக நின்றால் சாமியிடம் பூக் கேட்பது வழக்கம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். எந்தப் பூ வந்தால் எதைச் செய்வது என்று வாய்விட்டுச் சொல்லி வேண்டிக்கொள்வார்கள். பூசாரி ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரிப்பார். அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

“வெள்ளை வந்தா என்ற இஷ்டம். செவப்பு வந்தா உன்ற இஷ்டம். என்ன?” என்றார் சின்னராஜ்.

“சாமி சொன்னாச் சரிங்க” என்றாள் அகல்யா, பூனைபோல.

வெள்ளிக்கிழமை காலை கோயிலுக்குப் போனார்கள். முனியப்பன் உருட்டிய விழியும் முறுக்கிய மீசையுமாக, அரிவாளோடு உட்கார்ந்திருந்தார். “பொட்டலம் நான் கட்டியாரேன். நீ வெளக்கப் போடு” என்று பூக்கவரை வாங்கிக்கொண்டு சின்னராஜ் வேப்பமரத்துக்குப் பின்னால் ஒதுங்கினார். நந்தியாவட்டையை இரண்டு பங்காகப் பிரித்தார். இரண்டையும் இரண்டு பொட்டலமாகக் கட்டினார். செவ்வரளியைச் சட்டைப் பையில் அமுக்கினார். எந்தப் பொட்டலத்தை எடுத்தாலும் வெள்ளை! முனியப்பனே நினைத்தாலும் இனி சிவப்பு வராது. சந்தோஷத்தில் அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. முனியப்பன் கண்ணை மட்டும் அவர் நேராகப் பார்க்கவில்லை.

பூசாரி தீர்த்தகிரி இரண்டு பொட்டலத்தையும் சாமி காலடியில் வைத்துக் கற்பூரம் காட்டினார். “சொல்லி வேண்டிக்கங்க சாமி.”

சின்னராஜ் வாயைத் திறப்பதற்குள் அகல்யா கையைக் கூப்பிக் கணீரென்று ஆரம்பித்தாள். “முனியப்பா! வெள்ளைப் பூ வந்தா, பேரு, மொத பக்கம், எல்லாமே நாஞ் சொல்றபடி. செவப்புப் பூ வந்தா அவரு சொல்றபடி. நீதான் நல்ல வாக்குச் சொல்லோணும்!”

சின்னராஜுக்குக் கற்பூரம் நெஞ்சுக்குள் எரிந்தது.

“ஏம்புள்ள! மாத்திச் சொல்றே! வெள்ளை வந்தா நானில்ல?”

“எது யாருக்குன்னு இருந்தா என்னங்க? குடுக்கறது சாமிதானுங்களே?”

“இல்ல… பேசுனபடி இருக்கட்டும்.”

“ஏனுங்க, உள்ள எது இருக்குதுன்னு உங்களுக்கு முன்னயே தெரியுமாக்கு?”

தீர்த்தகிரி திரும்பிச் சின்னராஜைப் பார்த்தார். முனியப்பனும் பார்த்தார். அரிவாள் அன்றைக்கு வழக்கத்தைவிடப் பளபளப்பாக இருந்ததாகச் சின்னராஜ் பிற்பாடு சொன்னார். திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்?

“எனக்கென்ன தெரியும்? சாமி விட்ட வழி” என்றார்.

“எதை எடுக்கட்டுமுங்க?” என்றார் பூசாரி.

“எதை எடுத்தா என்ன!” என்றார் சின்னராஜ். அந்தக் கோயிலில் அன்று அவர் பேசிய ஒரே உண்மை அதுதான்.

வெள்ளைப் பூ வந்தது.

வண்டியில் திரும்பினார்கள். பாதி வழியில் அகல்யா பின்னாலிருந்து மெதுவாகச் சொன்னாள்: “பையில இருக்கிற அரளிய எடுத்துப் போட்டுருங்க. மெல்லிசுத் துணி, நல்லாவே தெரியுது. கறை புடிச்சா எனக்குத்தானே தொவைக்கிற பாடு.”

சின்னராஜ் வண்டியை ஓட்டுவதில் மிகுந்த கவனம் செலுத்தினார்.

அன்று மத்தியானமே நிர்வாகம் கைமாறியது. வெள்ளைக்காரன் போனான். அவன் நின்ற இடத்தில், மயில்கழுத்து நிறத்தில் ஒரு பட்டுச் சேலை மடிப்பு மடிப்பாக விரிந்தது. மேலே, ‘அக்கா கடை, இளம்பிள்ளை’. சின்னராஜ் தேடிச் சேர்த்த ஓசிச் சரக்கெல்லாம் அவள் கைக்குப் போனதும் லட்சணமாகிவிட்டது. அதைப் பார்க்கத்தான் அவருக்குத் தாங்கவில்லை. தான் தோற்றதைவிட, ஜெயித்தது நன்றாக இருந்ததுதான் பெரிய வருத்தம். சாயங்காலம் டீயைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்.

அகல்யாவுக்கு மனசு இளகிவிட்டது.

“ஏனுங்க, மூஞ்சியத் தொங்கப் போடாதீங்க. உங்களுக்கும் எடம் வெச்சிருக்கறேன்.”

“எங்க? மூலையிலயா?”

“மூலையில்லீங்க, முழுப் பக்கம்! சேலை கெடையாது, வெலை கெடையாது. நீங்களும் அந்தப் பனிமலையும் மட்டுந்தான்.”

சின்னராஜ் எழுந்தே விட்டார். “நெசமாவா புள்ள?”

“முனியப்பன் சத்தியமா.”

ஆறிய டீயை ஒரே மடக்கில் குடித்தார். பெண்டாட்டி என்றால் இவளல்லவா பெண்டாட்டி! தெரிந்தவன் தெரியாதவன் எல்லாருக்கும் வெப்சைட்டின் முகவரியை அனுப்பினார். பிறகுதான் தன் பக்கத்தைத் தேடினார். முதல் பக்கத்தில் இல்லை. பட்டுச் சேலையில் இல்லை, பருத்தியில் இல்லை. தொடர்புக்கு என்ற இடத்தில் அவளுடைய நம்பர்தான் இருந்தது. கேட்டால், “இருக்குதுங்க, வாரவங்க பார்ப்பாங்க” என்றாள். கௌரவம் பார்த்து அதற்குமேல் அவர் கேட்கவில்லை.

மறுநாள் மல்லசமுத்திரத்திலிருந்து தங்கை புருஷன் வேலுசாமி கூப்பிட்டார்.

“மச்சான்! பார்த்தனுங்க! திரை முழுக்க நீங்கதான்! அடேங்கப்பா, என்ன கம்பீரம்!”

சின்னராஜ் மீசையைத் தடவிக்கொண்டார். “பார்த்தீங்களா மாப்ளே! நல்லா இருக்குதுங்களா?”

“சினிமாக்காரன் தோத்தான் போங்க! மீசை முடி ஒவ்வொண்ணும் தெரியுது!”

“அது எந்தப் பக்கத்துலங்க மாப்ளே? எனக்கே அம்படமாட்டேங்குது.”

“எந்தப் பக்கம்னா… உங்க தங்கச்சி பட்டுச் சேலைப் பக்கம் பார்க்கோணும்னா. அட்ரசைக் கையில அடிச்சனுங்க. ஒரு எழுத்து மாறிப்போச்சாட்டிருக்குது. டப்புன்னு நீங்க வந்து நின்னுட்டீங்க!”

சின்னராஜ் போனை வைத்துவிட்டுத் பட்டுச் சேலைப் பக்கத்தின் முகவரியில் தானும் ஒரு எழுத்தை மாற்றி அடித்துப் பார்த்தார். வந்தது! அரக்குச் சட்டை, கட்டிய கை, பனிமலை, முழுத் திரை. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. துடைத்துக்கொண்டு, தன் மார்புக்குக் கீழே அவர் தேடிப் பிடித்த அந்த அழகான ஓசி எழுத்தில் என்னவோ எழுதியிருப்பதைப் படித்தார்:

‘மன்னிக்கவும். நீங்கள் தேடி வந்தது இங்கே இல்லை. தயவுசெய்து அக்காவிடம் திரும்பிப் போகவும்.’