அண்ணியின் தொட்டிக்கு ஒரு விளக்கு

தொபுக்கென்று ஒரு சத்தம். அண்ணியின் மீன்தொட்டி விளக்கு தண்ணீருக்குள் போய், மணலில் குத்திட்டு நின்று, ஒரு தடவை கண்ணைச் சிமிட்டிவிட்டு அணைந்தது.

துடைக்கிற துணியும் கையுமாக கமா அப்படியே நின்றார். அவர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். ஒரு கமா இடம் மாறியிருந்தால்கூட அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்காது. அதனால் அச்சகத்தில் வைத்த பெயர் அது. நாளடைவில் வீடுவரை வந்துவிட்டது.

"தண்ணிக்குள்ள கையை விட்டுடாதீங்க! முதல்ல ஸ்விட்சை அணைங்க!" என்று கத்திக்கொண்டே ஓடி வந்தாள் மனைவி. அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். தொட்டியைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள். "வந்து இருபத்திரண்டு மணி நேரம்தான் ஆகுது" என்றாள்.

முந்தின நாள்தான் அண்ணனும் அண்ணியும் தொட்டியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள். ஒரு மாதம் வெளியூர்ப் பயணம். இரண்டடி நீளத் தொட்டி; கல்லைப் பற்றி வளர்கிற தடித்த இலைச் செடிகள், பெரணி மாதிரி ஒன்று, சிவப்பு வாலோடு ஆறு சின்ன மீன்கள். கூடவே நான்கு பக்கத்துக்குக் குறிப்பு. இரண்டாம் பக்கத்தில், கீழே கோடிட்டு, 'விளக்கை மாற்றவே கூடாது' என்று எழுதியிருந்தது.

வேறு யாராவது கொடுத்த தொட்டியாக இருந்தால் கமா இவ்வளவு கலங்கியிருக்க மாட்டார். அவர் இந்தக் கணக்கு டீச்சரைத்தான் கட்டுவேன் என்று நின்றபோது குடும்பமே எதிர்த்தது. அண்ணிதான் சமையலறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, "தம்பி கல்யாணத்துக்குத் தேதி குறிச்சாத்தான் இந்த வீட்டுல அடுப்பு எரியும்" என்று உட்கார்ந்துவிட்டார். மறுநாள் மத்தியானமே தேதி குறித்தாயிற்று. அந்த அண்ணி இத்தனை வருஷத்தில் அவரிடம் கேட்ட முதல் உதவி இது.

கமா வண்ணமீன் கடைக்கு ஓடினார்.

"என்ன செடி சார் வச்சிருக்கீங்க?" என்றார் கடைக்காரர்.

"பச்சைச் செடி."

"எல்லாமே பச்சைதான் சார். இலை எப்படி இருக்கு?"

கமா விரலால் காற்றில் வரைந்து காட்டினார். கடைக்காரர் தலையாட்டிவிட்டு, ஒரு அடி நீளத்தில் ஒல்லியாக ஒன்றை எடுத்து வைத்தார். "இதெல்லாம் நிழல்ல வளர்ற ஜாதி. இந்த விளக்கே போதும். ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம். அதுக்கு மேல போடாதீங்க."

கமா அதைப் போட்டுப் பார்த்தார். மங்கலாக எரிந்தது. அண்ணியின் செடிக்குப் போய் இப்படி அழுது வடிகிற விளக்கா?

"இதைவிடப் பெருசு இல்லையா?"

"இருக்கு. ஆனா அது வேற செடிக்கு சார்."

"செடின்னா வெளிச்சம் வேணும். எனக்குத் தெரியாதா?" என்று பெரிதை வாங்கிக்கொண்டு வந்தார் கமா.

அன்று சாயங்காலம் அதைப் போட்டதும் எதிர் வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்திக்கொண்டார். மனைவி கூடத்து விளக்கை அணைத்துவிட்டு, தொட்டி வெளிச்சத்திலேயே நாற்பது விடைத்தாள்களைத் திருத்தி முடித்தாள். ஆறு மீன்களும் ஒரே கல்லுக்குப் பின்னால் போய், ரேஷன் வரிசை மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக நின்றன.

"வெட்கப்படுதுங்க. பழகிடும்" என்றார் கமா. தினமும் பன்னிரண்டு மணி நேரம் எரியவிட்டார்.

ஐந்தாம் நாள் தொட்டி பச்சைப்பசேல் என்று இருந்தது. கமா மனைவியைக் கூப்பிட்டு, "பார்த்தியா, எப்படி வளர்ந்திருக்கு!" என்றார்.

அவள் கண்ணாடியை விரலால் வழித்துக் காட்டினாள். "இது செடி இல்லைங்க. பாசி."

கல்லில் பாசி, மணலில் பாசி, இலையெல்லாம் பாசி. அப்போது பார்த்துத் தொலைபேசி அடித்தது. அண்ணி.

"தம்பி, மீனெல்லாம் நல்லா இருக்கா?" வெளியூரில் யார் வீட்டிலோ தங்கியிருப்பதால்தானோ என்னவோ, அண்ணி குரலைத் தாழ்த்தியே பேசினார்.

"ஜம்முன்னு இருக்கு அண்ணி."

"ஒரு போட்டோ அனுப்புங்களேன்."

நல்லவேளை, தொட்டி வந்த அன்றைக்கே கமா பல கோணங்களில் பதினெட்டுப் படங்கள் எடுத்து வைத்திருந்தார். அதில் ஒன்றை அனுப்பினார். அடுத்த நாள் இன்னொன்று.

"எல்லாப் படத்துலயும் பின்னாடி இருக்கற கடிகாரம் நாலு பத்து காட்டுது" என்றாள் மனைவி.

"தினமும் நாலு பத்துக்கு எடுக்கறேன்னு நினைச்சுக்கட்டும். ஒழுங்கா இருக்கேன்னு பேராவது கிடைக்கும்."

கமா மறுபடி கடைக்குப் போனார். கடைக்காரர், "விளக்கைச் சின்னதா மாத்துங்க சார்" என்றார். கமா அதைக் கேட்காமல் நத்தை கேட்டார். நத்தை பாசியைத் தின்னும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். நான்கு வாங்கினார். அவை பாசியைத் தின்றனவோ இல்லையோ, குடும்பத்தைப் பெருக்கின. அடுத்த வாரம் மனைவி அறுபத்து மூன்று வரை எண்ணிவிட்டு, "இதுக்கு மேல எனக்குச் சம்பளம் தரணும்" என்று எழுந்துவிட்டாள்.

அச்சகத்தில் மெஷின்காரர்தான் அடுத்த யோசனையைச் சொன்னார். "வெளிச்சத்தாலதானே பாசி வந்துச்சு? இருட்டடிச்சிடு. ஒரு போர்வையைப் போட்டு மூடு. தானா சாகும்."

கமா கல்யாணத்துக்கு வந்த கம்பளிப் போர்வையை எடுத்து நாலு பக்கமும் இழுத்து மூடினார். நடுவில் திறந்து பார்த்தால் வெளிச்சம் புகுந்துவிடும் என்று எட்டு நாள் கிட்டேயே போகவில்லை. எட்டாம் நாள் மூக்குதான் முதலில் தெரிந்துகொண்டது.

போர்வையை விலக்கினார். பாசி செத்திருந்தது. அழுகிய பாசியால் தண்ணீர் கெட்டு டீ நிறத்தில் இருந்தது. செடிகள் தொட்டால் கையோடு வந்தன. நான்கு மீன்கள் மேலே மிதந்தன. மிச்சம் இரண்டும் ஒரு மூலையில் நின்று கமாவைப் பார்த்தன.

கமா சோபாவில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். "எனக்காக அடுப்படியைப் பூட்டினவங்க. ஒரு விளக்குகூட என்னால சரியாப் பார்த்துப் போட முடியலையே."

மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வழக்கமாக அவள் சொல்கிற 'நான் அப்பவே சொன்னேன்' வரவில்லை. "அண்ணி வர இன்னும் பத்து நாள் இருக்கு. எழுந்திருங்க. கடைக்குப் போகலாம்" என்றாள்.

கடைக்காரர் முழுக்கதையையும் கேட்டார். "மூணு நாள் மூடியிருந்தா பரவால்ல சார். எட்டு நாளா?" என்றதோடு நிறுத்திக்கொண்டு, முதலில் காட்டிய அதே ஒல்லி விளக்கை எடுத்து மேஜையில் வைத்தார். இந்தத் தடவை கமா அதை அப்படியே வாங்கிக்கொண்டார். அதே மாதிரிச் செடிகள், அதே மாதிரி மணல், நான்கு மீன்கள். கமாவின் முகத்தைப் பார்த்துப் பரிதாபப்பட்டு அவர் ஒரு மீனைக் கூடுதலாகப் போட்டுக் கொடுத்தார்.

கமாவும் மனைவியும் நத்தைகளையெல்லாம் பொறுக்கி எடுத்துவிட்டு, முதல் நாள் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அச்சுப் பிரதியை மூலத்தோடு ஒப்பிடுகிற மாதிரி, ஒவ்வொரு கல்லையும் இலையையும் அதனதன் இடத்தில் வைத்தார்கள். தினமும் ஆறே மணி நேரம் விளக்கு. ஒரு நிமிஷம் கூடாது, குறையாது. ஒரு வாரத்தில் தண்ணீர் தெளிந்தது. புது இலை ஒன்று சுருள் பிரிந்தது. மீன்கள் கல்லைவிட்டு வெளியே வந்து உலாவின. அந்த மெல்லிய வெளிச்சத்தில் தொட்டி அவ்வளவு அழகாக இருக்கும் என்று கமா நினைத்ததே இல்லை.

சொன்ன நாளில் அண்ணனும் அண்ணியும் வந்தார்கள். அண்ணி உட்காரக்கூட இல்லை. நேராகத் தொட்டிக்கு முன்னால் போய்க் குனிந்தார்.

"தம்பி, இதுல ஏழு மீன் இருக்கே?"

மனைவி கமாவைப் பார்த்தாள். 'நாலு வேணுங்கற இடத்துல அஞ்சு' என்று அந்தப் பார்வை சொன்னது.

"குட்டி போட்டிருக்கு அண்ணி" என்றார் கமா.

"ஒரு மாசத்துல அம்மா உயரத்துக்கு வளர்ந்துடுச்சா?"

"நல்ல வெளிச்சம் அண்ணி."

அண்ணி நிமிர்ந்தார். கண்ணில் தண்ணீர் நின்றது. "அப்படியே வச்சிருக்கீங்க தம்பி. ஒரு இலைகூட மாறலை" என்று சொல்லி, கமாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். பிறகு மனைவியையும் உதவிக்கு அழைத்துக்கொண்டு, பாதித் தண்ணீரை இறைத்த தொட்டியைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு காருக்கு இறங்கினார்.

அண்ணன் மட்டும் விளக்கை எடுத்துக்கொள்ளப் பின்தங்கினார். அண்ணன் அதிகம் பேசாதவர். அண்ணியின் கண்ணீர் கமாவின் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. தாங்க முடியவில்லை.

"அண்ணா, ஒரு உண்மையைச் சொல்லிடறேன். அந்த விளக்கு, செடி, மணல், அஞ்சு மீனு, எதுவுமே அண்ணியோடது இல்லை. எல்லாத்தையும் நான் கொன்னுட்டுப் புதுசா வாங்கி வச்சது. அண்ணி முகத்துல நான் எப்படி முழிப்பேன்?"

அண்ணன் மாடிப்படியை ஒரு தடவை எட்டிப் பார்த்தார். கதவை மெல்லச் சாத்தினார்.

"தொட்டியே உங்க அண்ணியோடது இல்லைடா. எங்க பொண்ணோட மாமியார், சம்பந்தியம்மா, பார்த்துக்கச் சொல்லிக் கொடுத்துட்டுப் போனது. நாளைக்கு அவங்க வர்றாங்க. உன்கிட்ட கொண்டு வர்றதுக்கு முன்னாடியே உங்க அண்ணி ரெண்டு தடவை எல்லாத்தையும் சாகடிச்சு, ரெண்டு தடவை புதுசா வாங்கி வச்சா."

"அப்ப, நீங்க ஊருக்குப் போனது..."

"நாங்க எந்த ஊருக்கும் போகலைடா. உன்கிட்ட தள்ளிவிட வேற வழி தெரியாம, ஒரு மாசமா ஜன்னலையெல்லாம் சாத்திக்கிட்டு வீட்டுக்குள்ளேயேதான் உட்கார்ந்திருந்தோம்."