சூளகிரியின் இருபத்திரண்டு பைலட்டுகள்

உண்மையைச் சொல்லப் போகிறவன் தனியாகப் போக வேண்டும். நான் இருபத்திரண்டு பேரைத் தக்காளி டெம்போவில் ஏற்றிக்கொண்டு போனேன். அதன் பலனை இன்றுவரை அனுபவித்துக்கொண்டிருக்கிறேன்.

ஓசூரில் எனக்கு ஒரு சின்னப் பட்டறை. இரண்டு லேத், ஒரு மில்லிங் மெஷின், பெரிய கம்பெனிகளின் இயந்திரங்களுக்கு புஷ் என்கிற உலோக வளையம் கடைந்து கொடுக்கும் வேலை. முப்பத்தெட்டாவது வயதில் எனக்கு விமானம் ஓட்டும் ஆசை வந்தது. அந்த வயதில் சிலருக்குச் சர்க்கரை வரும், எனக்கு இது வந்தது. (சர்க்கரையே வந்திருக்கலாம் என்பது என் மனைவி மஞ்சுளாவின் கருத்து.)

ஊருக்கு வெளியே ஒரு சிறிய ஓடுதளம், அதில் ஒரு பயிற்சி கிளப். இரண்டு பேர் மட்டும் உட்காரும் விமானம். அதற்குள் மடங்கி உட்கார்ந்துவிட்டு வெளியே வந்தால் ஷேர் ஆட்டோ கல்யாண மண்டபம் மாதிரித் தெரியும். ஆனால் மேலே போய்விட்டால் அது வேறு உலகம். கீழே ரோஜாத் தோட்டங்களின் வெள்ளைப் பிளாஸ்டிக் கூடாரங்கள், நெடுஞ்சாலையில் லாரி வரிசை, எங்கோ ஒரு மூலையில் என் பட்டறையின் தகரக் கூரை. வாராவாரம் போன் செய்து "ரேட்டைக் குறைங்க" என்று கழுத்தை அறுக்கும் பர்ச்சேஸ் மேனேஜர்கள் எல்லாம் அங்கே கண்ணுக்கே தெரியமாட்டார்கள். அந்த ஒரு மணி நேரம் எனக்கு யார் மேலும் கோபம் இருக்காது. அதற்காகத்தான் பறந்தேன்.

லைசென்ஸ் வாங்க நாற்பது மணி நேரம் பறந்திருக்க வேண்டும். நான் முப்பத்தொன்று முடித்திருந்தபோதுதான் அரசாங்கத்தின் அந்தப் பரிந்துரை வந்தது. விமான எரிபொருளுக்குக் கூடுதல் வரி, அதோடு ஒவ்வோர் இறக்கத்துக்கும் பயன்பாட்டுக் கட்டணம்.

விமானம் பழகுவது என்றால் பெரும்பாலும் இறங்கப் பழகுவதுதான். ஒரு மணி நேரத்தில் எட்டு முறை சக்கரம் தரையைத் தொடும், உடனே மறுபடி ஏறும். புதுத் திட்டப்படி ஒவ்வொரு தொடலும் ஓர் இறக்கம். ஒழுங்காக இறங்கத் தெரிந்தவன் ஒரு தடவை கட்டுவான். என்னைப் போல் தடுமாறுகிறவன் எட்டுத் தடவை கட்டுவான். பெரிய கம்பெனிகளின் ஜெட்டுகளுக்கும் இதே கட்டணம்தான். ஆனால் அவர்கள் அதைக் கம்பெனிச் செலவில் எழுதிவிட்டு, என் புஷ் விலையில் பத்துப் பைசா குறைத்து ஈடுகட்டிவிடுவார்கள். ஆக, என் கட்டணத்தோடு சேர்த்து அவர்கள் கட்டணத்தையும் நானே கட்டுவேன்.

கருத்துக் கேட்புக் கூட்டம் ஓசூரிலேயே நடக்கும் என்று அறிவித்தார்கள். அந்த ஓடுதளத்தில் சொந்தக் காசில் பறந்தவர்கள் மொத்தம் நான்கு பேர். அதில் இரண்டு பேர் வெளியூர். மிச்சம் நானும் கிருஷ்ணகிரி பல் டாக்டர் ஒருவரும். இதைச் சூளகிரியில் தக்காளி போடும் என் மாமனார் முனிராஜிடம் சொன்னேன்.

"ரெண்டு பேரு போயி நின்னா டீகூட குடுக்க மாட்டான் மாப்ள," என்றார். "கூட்டம் வேணும். எத்தினி மீட்டிங்குக்கு ஆள் அனுப்பியிருக்கறேன், எனக்குத் தெரியாதா? நீங்க பிரியாணிய மட்டும் பாத்துக்கங்க."

மறுக்க எனக்கு வாய் இருந்தது. அறிவுதான் இல்லை. 'சிறு விமானிகளின் மனு' என்று தலைப்புப் போட்டு ஒரு காகிதம் எழுதி, மாமனார் தன்னையும் சேர்த்துத் திரட்டிய இருபத்திரண்டு பேரிடமும் கையெழுத்து வாங்கினேன். அதில் ஐந்து கைநாட்டு. கூட்டத்தன்று டெம்போவில் ஏறியதும் பாடம் நடத்தினேன்.

"நான் கை தூக்குனா நீங்களும் தூக்கணும். நான் எறக்குனா எறக்கணும். அவ்ளோதான்."

"எதுக்குன்னு கேக்க வேணாமா?" என்றார் நாகம்மா அத்தை. மாமனாரின் தங்கை. ரோஜாத் தோட்டத்தில் அன்றைய வேலையை விட்டுவிட்டு எனக்காக வந்திருந்தார்.

"வேணாம் அத்த. கேட்டா கொழப்பமாயிடும்."

வழியில் மூன்று முறை ஒத்திகை பார்த்தோம். பின்னால் வந்த பஸ்காரர் நிறுத்தச் சொல்கிறோம் என்று நினைத்து பிரேக் போட்டார்.

கூட்டத்தில் மேடையில் மூன்று அதிகாரிகள். முன் வரிசையில் ஜெட் கம்பெனிகளின் கணக்கர்கள், பக்கத்தில் தடித்த கோப்போடு பல் டாக்டர். பின் வரிசைகள் முழுக்க என் படை. டாக்டர் திரும்பிப் பார்த்துவிட்டு, "யாரு இவங்க எல்லாம்?" என்றார். "நம்ம ஆதரவாளர்கள் சார்," என்றேன் பெருமையாக.

நடுவில் இருந்த மூத்த அதிகாரி உண்மையிலேயே நல்ல மனிதர். அதுதான் என் வயிற்றெரிச்சல். அவர் ஆங்கிலத்தில் சொன்னதன் சாரம் இது: "சொந்தக் காசில் சின்ன விமானம் ஓட்டுபவர்கள் இங்கே எத்தனை பேர்? நாலைந்து பேர்தான் என்றால், வசூலிக்க ஆள் போடும் செலவுக்குக்கூட அந்தக் கட்டணம் தேறாது. உங்களுக்கு விலக்கு எழுதிவிடலாம். கை தூக்குங்கள்."

டாக்டர் கை தூக்கினார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. விலக்கு! மிச்சம் ஒன்பது மணி நேரம்தான்! சந்தோஷத்தில் நானும் கையை உயர்த்தினேன்.

பின்னால் வளையல் சத்தம் கேட்டது.

அதிகாரியின் பார்வை என் தலைக்கு மேலே போய் அங்கேயே நின்றது. விபரீதம் புரிந்து சட்டென்று கையை இறக்கினேன். இருபத்திரண்டு கைகளும் இறங்கின. விளக்கம் சொல்ல அனுமதி கேட்டு மறுபடி உயர்த்தினேன். இருபத்திரண்டும் உயர்ந்தன. (மூன்று ஒத்திகைக்கு இவ்வளவு பலன் இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.)

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு தமிழுக்கு வந்தார். "அம்மா, நீங்களுமா விமானம் ஓட்டுறீங்க?"

நாகம்மா அத்தை கையை இறக்காமலே எழுந்தார். நான் இறக்கவில்லையே! "ஆமா சாமி. எங்க மாப்ள இன்னா பண்றாரோ அதான் நாங்களும்."

"சார், அவங்க வந்து..." என்று நான் எழுந்தேன்.

நான் முன்பே கொடுத்திருந்த மனுவை அதிகாரி எடுத்தார். "சிறு விமானிகளின் மனு. இருபத்திரண்டு கையெழுத்து. இது உண்மைதானே?"

இல்லை என்றால் மோசடி. ஆமாம் என்றால் முட்டாள்தனம். டாக்டர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என் மாமனார் நெஞ்சை நிமிர்த்திக் கையைத் தூக்கியபடி உட்கார்ந்திருந்தார். அந்தக் கையை என்னால் பொய்யாக்க முடியவில்லை என்று பிற்காலத்தில் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டது உண்டு. அது சும்மா. நான் பயந்தேன், அவ்வளவுதான்.

"ஆமாம் சார்," என்றேன்.

"விவசாயிகள் வரைக்கும் விமானம் ஓட்டுற அளவுக்கு வளந்திருக்கோம், சந்தோஷம்," என்று சொல்லி அவர் ஏதோ எழுதிக்கொண்டார். "அப்ப விலக்கு தேவைப்படாது."

திரும்பும் வழியில் டெம்போவில் ஒரே கொண்டாட்டம். "பாத்தீங்களா மாப்ள, ஒருத்தர்கூட தப்பு பண்ணல!" என்றார் மாமனார், பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்தபடி. உண்மைதான். அந்த வண்டியில் தப்புப் பண்ணியவன் ஒருவன்தான்.

வரியும் கட்டணமும் வந்தன. கூட்டிக் கழித்துப் பார்த்ததில், ஒரு மணி நேரம் பறக்க ஒரு மாதம் புஷ் கடைய வேண்டியிருந்தது. இரண்டு மாதம் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, மறுபடி ஏறாமலே விட்டுவிட்டேன். ஜெட்டுகள் வழக்கம்போல் என் பட்டறைக்கு மேலேதான் போகின்றன. எனக்குப் பத்துப் பைசாவும் குறைந்தது. பல் டாக்டர் அன்றோடு பேச்சை நிறுத்திவிட்டார். கடைவாய்ப் பல்லைப் பிடுங்க நான் தர்மபுரிவரை போய்வந்தேன்.

நடந்ததை மஞ்சுளா ஒரு தீபாவளியன்று தன் ஊரில் போட்டு உடைத்தாள். சிரித்துச் சிரித்து ஊருக்கே கண்ணில் தண்ணீர். நாகம்மா அத்தையை அன்றிலிருந்து பைலட்டம்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள். ரோஜாத் தோட்டத்து சூப்பர்வைசர்கூட "இன்னா பைலட்டம்மா, இன்னிக்கு லேட்டு?" என்கிறாராம். போன மாதம் சொந்தத்தில் ஒரு காதுகுத்து. வாசலில் பிளெக்ஸ் வைத்திருந்தார்கள். வரவேற்பவர்கள் வரிசையில் 'பைலட் முனிராஜ்', 'பைலட் நாகம்மா' என்று இருபத்திரண்டு பேரும் படத்தோடு சிரித்தார்கள். பந்தியில் ஒருவர், "ரசம் வேணும்ங்கறவங்க கை தூக்குங்க," என்று கத்தினார். மொத்தப் பந்தியும் திரும்பி முதலில் என்னைப் பார்த்தது. எனக்கு ரசம் வேண்டும்தான். நான் கையைத் தூக்கவில்லை.

போகும்போது பிளெக்ஸின் கடைசி வரிசையில் என் பெயரைத் தேடிப் பார்த்தேன். இருந்தது. பெயருக்கு முன்னால் ஒன்றுமில்லை. எனக்குத்தான் இன்னும் ஒன்பது மணி நேரம் பாக்கி இருக்கிறதே.